பூண்டு லோடு, மத்தியப் பிரதேசம் வரை: இரண்டாவது டிரைவராகப் போகலாமா?

கேத்தி பாலாடா பிக்கப்

நான்கு வருடமாக நீலகிரி மலையில் கேத்தி பாலாடாவிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குப் பிக்கப் வண்டியில் காய்கறி இறக்குகிறேன். பெரும்பாலும் கேரட். இரவு ஒரு மணிக்குக் கேரட் கழுவும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினால் மூட்டை ஏறி முடிய மூன்று ஆகும். விடிவதற்குள் கீழே இருப்பேன். திரும்பும்போது கோழி எருவோ உரமோ ஏற்றிக்கொண்டு மலையேறிவிடுவேன். சீசனில் குன்னூர் வழியாக ஏற்றம், கோத்தகிரி வழியாக இறக்கம் என்று ஒருவழிப் பாதை ஆக்கிவிடுவார்கள். அந்த நாட்களில் மட்டும் நேரம் முன்பின் ஆகும். மற்றபடி மதியச் சோறு வீட்டில்தான்.

மண்டியில் பூண்டு வாங்க வரும் வடக்கத்தி வியாபாரிகளுக்கு லாரி பிடித்துக் கொடுக்கும் ஒருவர், பத்துச் சக்கர லாரியில் இரண்டாவது டிரைவராக வரச் சொல்கிறார். நம் மலைப்பூண்டை அவர்கள் விதைக்காக வாங்குகிறார்கள். மத்தியப் பிரதேசம் வரை போக வேண்டும், 1,700 கிலோமீட்டருக்குக் குறையாது. திரும்பும்போது உருளைக்கிழங்கோ, வேறு எது கிடைக்கிறதோ அது. கனரக உரிமம் போன வருடமே எடுத்துவிட்டேன், ஆனால் பழனியைத் தாண்டி நான் எங்கும் வண்டி ஓட்டியதில்லை.

கல்லாறு தொடங்கிக் குன்னூர் வரை பதினான்கு கொண்டை ஊசி வளைவையும் பனியில் ஓட்டியவனுக்குச் சமவெளி ஒரு பொருட்டே இல்லை என்று மண்டியில் எல்லோரும் சொல்கிறார்கள். அது உண்மையா? தையில் கல்யாணம் வைத்திருக்கிறது. அம்மா இன்னும் சரி என்று சொல்லவில்லை.

குன்னூர் டீத்தூள் லாரி

தாராளமாகப் போங்கள். மலையில் ஓட்டியவனுக்கு நான்கு வழிச் சாலை ஒரு விளையாட்டு. நானும் தேயிலை மூட்டை ஏற்றிக்கொண்டு கொச்சி வரை போய் வருகிறேன், உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு யோசனையும் சொல்கிறேன்: இறக்கம் வந்தால் நியூட்ரலில் விடுங்கள். மிச்சமாகும் டீசல் காசு நம் பைக்குத்தான்.

கூடலூர் பழைய டிரைவர்

முதலில் டீத்தூள் லாரித் தம்பிக்கு. அந்த நியூட்ரல் யோசனையை அழித்துவிடுங்கள். இதைப் படித்துவிட்டு எவனாவது செய்து பார்ப்பான். கியரில் இருந்தால்தான் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். நியூட்ரலில் விட்டால் மொத்தப் பாரமும் பிரேக் லைனர் தலையில். லைனர் காய்ந்து புகைந்த பிறகு பிடிக்காது. நாம் மிதித்துக்கொண்டே இருப்போம், வண்டி போய்க்கொண்டே இருக்கும். இதைவிடக் கெட்டிக்காரர்கள் எஞ்சினையே அணைத்துவிடுவார்கள். அணைத்தால் பிரேக்குக்குக் காற்று அடைக்கும் கம்ப்ரசர் நின்றது. டேங்கில் மிச்சமுள்ள காற்று மிதிக்கு மிதி குறையும், ஸ்டியரிங் கல்லாகிவிடும். சரி, டீசலாவது மிச்சமாகிறதா? இப்போதைய எஞ்சின்களில் கியரில் இறங்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் பாய்வதே நின்றுவிடுகிறது. நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் குடிக்கும். ஆக, அந்தக் காசும் பொய்க் காசு.

இனி கேத்தித் தம்பிக்கு. நான் 1994 முதல் 2020 வரை 26 வருடம் ஓட்டினேன். முதல் ஆறு வருடம் கூடலூரிலிருந்து மைசூருக்குத் தேயிலை ஏற்றினேன். பிறகு நாமக்கல் பக்கத்து முதலாளி ஒருவரின் வண்டியில் நாக்பூர், இந்தூர், ஜபல்பூர். மலையில் ஓட்டியவனுக்குச் சமவெளி ஒன்றுமில்லை என்று நானும் நம்பித்தான் இறங்கினேன்.

மலையில் நான் ஒரு முறைகூட அசந்ததில்லை. அசர விடாது. வளைவுக்கு வளைவு கைக்கும் காலுக்கும் வேலை இருக்கும். எதிரே பஸ் விளக்கு தெரிந்தால் ஒதுங்க இடம் தேட வேண்டும். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவன் வழி விட வேண்டும், காதில் வேறு அடைப்பு. பயம் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து தட்டிக்கொண்டே வரும். சமவெளியில் அந்த ஆள் இறங்கிப் போய்விடுவான்.

ஐதராபாத்திலிருந்து நாக்பூருக்கு 44-ஆம் எண் நெடுஞ்சாலை. ஆதிலாபாத்தைத் தாண்டி அதிகாலை மூன்றரை மணி இருக்கும். இரண்டாவது டிரைவர் பின்னால் படுத்திருக்கிறார். ஓர் ஊர்ப் பெயர் போட்டு 12 கிலோமீட்டர் என்ற பலகையைப் பார்த்தேன். அடுத்து நான் பார்த்தது அதே ஊருக்கு 4 கிலோமீட்டர் என்ற பலகையை. நடுவில் இருந்த எட்டு கிலோமீட்டரை யார் ஓட்டினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வண்டி அதன் தடத்தில் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கண்ணும் திறந்துதான் இருந்திருக்க வேண்டும். ஓரம் கட்டி இறங்கி, கேனைச் சாய்த்து முகம் கழுவினேன். கை நடுங்கவில்லை. நடுங்காததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அன்றிலிருந்து இரவு இரண்டு முதல் ஐந்து வரை நான் ஓட்டுவதில்லை. முதலாளி முகத்தைச் சுளித்தார், வேலையை விட்டு அனுப்பவில்லை. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் என்று ஒன்று 1961-இலேயே வந்துவிட்டது. நாளுக்கு எட்டு மணி நேர வேலை, நெடுந்தூர வண்டிக்குப் பத்து வரை, தொடர்ந்து ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு என்று அதில் இருந்தது; 2025-இல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதன் இடத்துக்கு வந்துவிட்டது. இதை ஒரு வழக்கறிஞர் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். அதுவரை எந்தப் புக்கிங் ஆபீசிலும் அந்தச் சட்டத்தின் பெயரை யாரும் உச்சரித்துக் கேட்டதில்லை.

ஆகவே தம்பி, படியை நடைக்குத் தருகிறார்களா நாளுக்குத் தருகிறார்களா என்று முதலில் கேளுங்கள். எவ்வளவு என்பது அப்புறம். நடைக்குப் படி என்றால் லோடு இறக்கக் காத்திருக்கும் நாளெல்லாம் உங்கள் சொந்த நாள். அந்த நாளை ஈடுகட்டத்தான் இரவு மூன்றரைக்கு ஆக்சிலேட்டரை மிதிப்பீர்கள். தூக்கம் கெடுவது சாலையில் இல்லை, அந்த ஒப்பந்தத்தில்தான் தொடங்குகிறது.

காத்திருப்பு என்றதும் நினைவு வருகிறது. 2009-லிருந்து கூடலூரிலிருந்து மைசூர் போகும் பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடல். தொரப்பள்ளிச் சோதனைச் சாவடிக்கு ஒன்பது ஐந்துக்குப் போய்ச் சேர்ந்து, ஐந்து நிமிடத்துக்காக ஓர் இரவைத் தொலைத்த கதை கூடலூர்க்காரன் எல்லோரிடமும் இருக்கும். வாய்விட்டுத் திட்டியிருக்கிறேன். இப்போது கணக்குப் பார்த்தால், 26 வருடத்தில் நான் முழுசாகத் தூங்கிய இரவுகள் அந்தச் சாவடி வரிசையில் தூங்கியவைதான். நாக்பூரிலிருந்து சியோனி போகும் வழியில் பெஞ்ச் காட்டில் சாலையைத் தூண் மேல் தூக்கி, அடியில் விலங்குகளுக்கு வழி விட்டிருக்கிறார்கள். வண்டி நிற்கவே வேண்டாம். மானுக்கும் புலிக்கும் நல்ல ஏற்பாடு. அந்த வழியில் டிரைவருக்குத்தான் தூக்கம் போயிற்று.

பூண்டைப் பற்றி ஒரு வார்த்தை. கேரட் மாதிரி நினைத்துவிடாதீர்கள். பூண்டு மூட்டை மூச்சு விட வேண்டும். தார்ப்பாயை நாலு பக்கமும் இறுக்கிக் கட்டினால் உள்ளே வேர்த்துப் புழுங்கிவிடும். முன்னும் பின்னும் ஒரு முழம் தூக்கிக் கட்ட வேண்டும். மழை வந்தால் அதே நொடி இறங்கி அந்த ஒரு முழத்தை இழுத்து மூட வேண்டும், மழை விட்டால் மறுபடி தூக்க வேண்டும். ஒரு முறை ஒரு வியாபாரியின் கொட்டகை வாசலில் இடமில்லை என்று மூன்று நாள் நிறுத்தி வைத்தார்கள். மூன்றாம் நாள் இரவு சாய்வாக அடித்த மழையில் எட்டு மூட்டை நனைந்தது. அந்த எட்டு மூட்டைக்கும் வாடகையில் பிடித்துக்கொண்டார்கள். மூன்று நாள் காத்திருந்ததற்கு ஹால்டிங் காசு கேட்டதற்கு, நீ இன்றுதான் வந்தாய் என்று மேனேஜர் கூசாமல் சொன்னார். அதிலிருந்து போய்ச் சேர்ந்த உடனே பில்லின் பின்புறம் தேதியும் மணியும் எழுதி அங்கே இருக்கும் யாரிடமாவது, வாட்ச்மேனிடமாவது, ஒரு கையெழுத்து வாங்கிவிடுவேன். இப்போது கைப்பேசியில் வாசலோடு சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொண்டால் போதும்.

அரவங்காட்டிலிருந்து

கூடலூர் அண்ணன் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வீட்டுப் பக்கத்தை அவர் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

என் கணவர் பதினோரு வருடமாக நெடுந்தூரம் ஓட்டுகிறார். பத்துச் சக்கர வண்டியை எங்கள் தெருவில் எங்கே நிறுத்துவது? மேட்டுப்பாளையத்தில் விட்டுவிட்டு, அங்கிருந்து பஸ்ஸில்தான் மேலே வருவார். நாக்பூர் வரை ஓட்டுகிறவருக்குப் பஸ்ஸில் பயணியாக உட்கார்ந்தால் பர்லியாருக்குள் தலை சுற்றிவிடும். முதல் இரண்டு வருடம் கௌரவத்துக்காக மறைத்தார். ஒரு நாள் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிட்டார். கண்டக்டர், அண்ணனுக்கு மலை புதுசா என்று கேட்டார். இப்போது டிரைவருக்குப் பின் சீட்டு கிடைக்கும் வரை இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு வருகிறார். அந்தச் சீட்டில் உட்கார்ந்து, வளைவுக்கு வளைவு வலது காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார்.

நான்கு நாள் லீவு என்று கிளம்பி வந்தால் ஒரு நாள் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் சரி. ஒரு நாள் வண்டிக்கு டயரோ லைனரோ மாற்றுகிறார்கள் என்று கீழே கூப்பிட்டுவிடுவார்கள். மிச்சம் இரண்டு நாளில் முதல் நாள் குளிரில் சுருண்டு கிடப்பார். நாற்பது டிகிரி வெயிலில் பழகிய உடம்பு சொந்த ஊரில் நடுங்குகிறது. பூண்டு ஏற்றிய மாதத்தில் போர்வையை இரண்டு முறை துவைத்தாலும் வாடை போகாது. தையில் கல்யாணம் என்றால் அந்தப் பெண்ணிடம் இதையெல்லாம் இப்போதே சொல்லிவிடுங்கள். அம்மாவைச் சமாதானப்படுத்துவது அதற்கு அப்புறம் இருக்கட்டும்.

வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டுக் கடன் இந்த வண்டியால்தான் அடைந்தது.

குன்னூர் டீத்தூள் லாரி

நியூட்ரல் விஷயம் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த மாமா சொன்னது. ஒர்க்‌ஷாப்பில் விசாரித்தேன், அவர்களும் திட்டினார்கள். அழிக்க வழி தெரியவில்லை, ஆகவே இங்கேயே சொல்லிவிடுகிறேன்: அதைச் செய்யாதீர்கள்.

கேத்தி பாலாடா பிக்கப்

எல்லோருக்கும் நன்றி. அண்ணா, படி எப்படி என்று கேட்டேன். நடைக்குத்தான் என்றார். நாளுக்கு வேண்டும் என்றதும் சிரித்தார். பிறகு முதல் டிரைவரையே நேரில் போய்ப் பார்த்தேன். ஐம்பது வயதுக்கு மேல், சங்ககிரிக்காரர். இரண்டு மணிக்கு மேல் வண்டியை ஓரம் கட்டிவிடுவதுதான் தன் வழக்கம், அதற்குச் சம்மதிக்காத ஆள் தனக்கு வேண்டாம் என்று அவரே சொன்னார். பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்து அடுப்பு, சின்ன அரிசி டப்பா, ரசப்பொடி எல்லாம் காட்டினார். பத்து வருடமாக வடக்கே ஹோட்டலில் சாப்பிட்டதே இல்லையாம். அந்தப் பெட்டியைப் பார்த்ததும்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

ஒரே ஒரு நடை போய்ப் பார்க்கிறேன் என்று பேசியிருக்கிறேன். பிக்கப்பைப் பதினைந்து நாளுக்குத் தம்பி ஓட்டுவான். பெண்ணிடமும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பூண்டு வாடை பரவாயில்லை, கோழி எருவுக்கு இது தேவலாம் என்றாள்.

அரவங்காட்டு அக்கா, ஒரு சந்தேகம். கிளம்பும்போது இங்கே ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது. கீழே போனால் அது சுமை. உங்கள் வீட்டுக்காரர் என்ன செய்கிறார்?

அரவங்காட்டிலிருந்து

மேட்டுப்பாளையம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தையற்கடையில் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போவார். வரும்போது வாங்கிப் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவார். எந்தக் கடை என்று இங்கே எழுத மாட்டேன். ஏற்கெனவே அங்கே ஏழெட்டு டிரைவர்களின் ஸ்வெட்டர் தொங்குகிறது. போன மாதம் வேறு யாருடையதையோ போட்டுக்கொண்டு வந்துவிட்டார். நன்றாகத்தான் இருக்கிறது, இன்னும் யாரும் தேடி வரவில்லை.