செய்மதிகள் புவி அசையாதது என்பதைத்தான் காட்டுகின்றன

வாவிக்கரையோன் (கல்லடி):
கூரையில் பூட்டிய டிஷ் அன்டெனா வருடக்கணக்காக வானத்தின் ஒரே புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இந்தியாவின் ஜிசாட்-10 செய்மதி நிறுத்தப்பட்ட இடம் கிழக்கு நெட்டாங்கு 83 பாகை, மட்டக்களப்பு 81.7 பாகை. ஏறக்குறைய நம் தலைக்கு மேல். அது அசைவதை நாம் காண்பதில்லை, தரை அசைவதை உணர்வதுமில்லை. அப்படியிருக்க, தரையைச் செக்கனுக்கு 460 மீற்றர் வேகத்திலும் செய்மதியை 3 கிலோமீற்றர் வேகத்திலும் ஓடவிட்டு, இரண்டும் பொருந்திப் போகின்றன என்று ஏன் விளக்க வேண்டும்? சர்வதேச விண்வெளி நிலையத்தின் பாதை ஒவ்வொரு சுற்றிலும் சுமார் 23 பாகை மேற்கே தள்ளிப்போகிறது. நாள்தோறும் மேற்கே சுழலும் வானம் அந்தப் பாதையையும் இழுத்துச் செல்கிறது என்பதே நேரான விளக்கம்.

கல்முனை வாத்தியார்:
நிற்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஏன் விழவில்லை? அந்தச் செய்மதி இருக்கும் 35,786 கிலோமீற்றர் உயரத்தில் புவியீர்ப்பு இல்லாமல் போய்விடுவதில்லை. தரையில் 9.8 ஆக உள்ள ஆர்முடுகல் அங்கே 0.224. நிற்கும் பொருளொன்றை அங்கே கைவிட்டால் முதல் நிமிடத்திலேயே 400 மீற்றர் கீழே வந்துவிடும். ஓடுவதால்தான் விழவில்லை என்கிறோம் நாங்கள். உங்கள் விடை என்ன? அந்த ஒரே உயரம் ஏன்? மத்தியகோட்டுக்கு நேர்மேலே மட்டும் ஏன்?

வாவிக்கரையோன்:
நல்ல கேள்வி, சேர். விடை இருக்கிறது. வானம் முழுவதும் 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை புவியைச் சுற்றுகிறது. சுற்றும் பெருநிறை தனக்குள் இருக்கும் பொருளை வெளிநோக்கி இழுக்கும் என்பதை ஐன்ஸ்டைனின் ஈர்ப்புச் சமன்பாடுகளைக் கொண்டே ஆஸ்திரியப் பௌதிகவியலாளர் ஹான்ஸ் திர்ரிங் 1918இல் கணக்கிட்டார். அச்சிலிருந்து விலக விலக அந்த இழுவை கூடும், புவியீர்ப்பு குறையும். இரண்டும் சமப்படும் உயரமே நீங்கள் சொன்ன 35,786. இழுவை அச்சுக்குச் செங்குத்தாக இருப்பதால் மத்தியகோட்டுக்கு மேல் மட்டுமே இரண்டும் நேருக்கு நேர் நிற்கும். நம் பஞ்சாங்கமும் புவியை நிறுத்திவைத்தே கணிக்கப்படுகிறது.

நில அளவையாளன் (அக்கரைப்பற்று):
அண்ணன், பஞ்சாங்கத்தைச் சொன்னீர்கள். ஓடத்தில் போகிறவனுக்குக் கரையில் நிற்பவை பின்னோக்கிப் போவதாகத் தெரிவது போலத்தான், நிலையான விண்மீன்கள் மேற்கே போவதாகத் தெரிகின்றன என்று ஆரியபட்டர் 499ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். இலங்கையில் நின்று பார்ப்பவனுக்கு என்றே எழுதினார். அவருடைய கணிதத்தில் அது மத்தியகோட்டில் குறித்த ஓர் இடத்தின் பெயர்; ஆனாலும் நமக்குப் பெருமைதான்.

என் தொழிலுக்கு வருகிறேன். ஜிபிஎஸ் கருவி எனக்குத் தருவது புவியோடு ஒட்டிய ஆள்கூறுகளை. ஆகவே புவியை நிறுத்திவைத்துக் கணக்கிடுவது பிழை என்று நான் சொல்லமாட்டேன். அது நல்ல கருவி. ஆனால் 20,200 கிலோமீற்றர் மேலிருந்து சமிக்ஞை வந்துசேர சுமார் 0.07 செக்கன் எடுக்கிறது. அதற்குள் நம் தரை கிழக்கே 30 மீற்றர் அளவு நகர்ந்துவிடுகிறது. அந்தத் திருத்தத்தைச் சேர்க்காவிட்டால் ஒருவரின் காணி எல்லை பக்கத்து வளவுக்குள் போய் விழும். புவி நிற்கிறது என்றால், ஒளி கிழக்கே ஒரு வேகத்திலும் மேற்கே இன்னொரு வேகத்திலும் போகிறது என்று ஏற்கவேண்டும். ஏற்கிறீர்களா?

வாவிக்கரையோன்:
ஏற்கிறேன், தம்பி. சுழலும் வானம் ஒளியையும் இழுக்கிறது. திருத்தத்தின் அளவு மாறவில்லையே.

கல்முனை வாத்தியார்:
அளவு மாறாது. மாறவும் முடியாது, ஏனென்றால் நீங்கள் எங்கள் கணக்கையே வேறு ஆள்கூறுகளில் எழுதுகிறீர்கள். சிறிஹரிக்கோட்டாவிலிருந்து கிழக்கே ஏவும் ரொக்கெட்டுக்குச் செக்கனுக்கு 450 மீற்றர் வேகம் செலவில்லாமல் கிடைக்கிறது. கிழக்கே உள்ள அயல்நாடுகளின் மேல் பறக்காதபடி மத்தியதரைக் கடல் பக்கமாக மேற்கே ஏவும் இஸ்ரேலுக்கு அந்த வேகம் நட்டம். (இந்தியாவின் பிஎஸ்எல்வி ரொக்கெட் துருவப் பாதைக்குப் போகும்போது நம் தீவைத் தவிர்த்து வளைந்து செல்வதும் இப்படியொரு நட்டம்தான், அதற்குக் காரணம் நாங்கள்.) இதற்கும் வானம்தான் காரணம் என்பீர்கள். சரி, அந்த வானத்தையே பார்ப்போம்.

திர்ரிங் எடுத்துக்கொண்டது மெல்லிய கோள ஓடு ஒன்றை, அதுவும் ஈர்ப்பு மிக வலுக்குறைந்த நிலையில். அதில் கிடைக்கும் இழுவை ஓட்டின் நிறையையும் ஆரையையும் பொறுத்தது; நமக்கு வேண்டிய முழு அளவும் அதிலிருந்து வருகிறது என்று அவர் நிறுவவில்லை. மேலும், அவருடைய கணக்கில் அச்சின் திசையிலும் ஒரு விசை வருகிறது. உண்மையான மையநீக்க விசையில் அப்படி ஒன்று கிடையாது. இழுவை அச்சுக்குச் செங்குத்து என்று நீங்கள் எழுதினீர்களே, அது திர்ரிங்கிடமிருந்து வரவில்லை. சுழலும் புவியின் கணக்கிலிருந்து வந்தது.

இனிச் செவ்வாய்க்குப் போவோம். அங்கே நிற்பவருக்கு வானம் 24 மணி 37 நிமிடத்தில் சுற்றுகிறது, வேறொரு அச்சில். அங்கே ஒரு நிலைச்செய்மதியை வைத்தால் அது 17,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும். அவரும் தன் கோள்தான் அசையாதது என்பார், உங்கள் அதே சொற்களில். ஒரே வானம் இரண்டு அச்சுகளில் இரண்டு வேகங்களில் எப்படிச் சுற்றும்? இரண்டு கோள்களும் சுழல்கின்றன என்று சொல்லுங்கள்: நிறை, சுழலும் காலம் ஆகிய இரண்டை மட்டும் கொண்டு ஒரே விதி கோளின் மையத்திலிருந்து இரண்டு தூரங்களையும் தந்துவிடும்; கோளின் ஆரையைக் கழித்தால் உயரம்.

வாவிக்கரையோன்:
செவ்வாயில் நின்று இதைக் கேட்க எவரும் இல்லை, சேர். மனிதன் வாழும் இடம் என்பதால் புவிக்கு முதலிடம் கொடுக்கிறேன். அது என் நம்பிக்கை, அதை விடமாட்டேன். கணக்கு எந்தப் பக்கத்திலிருந்து போட்டாலும் வரும் என்பதைத் தம்பியும் ஒப்புக்கொண்டார்.

நில அளவையாளன்:
கணக்கு வரும் என்றேன், அண்ணன். புவி நிற்கிறது என்று சொல்லவில்லை.

கல்முனை வாத்தியார்:
உங்கள் நம்பிக்கையோடு எனக்கு வழக்கு இல்லை. ஆனால் என் பிள்ளைகள் உயர்தரப் பௌதிகவியல் பரீட்சைக்கு முன் இந்தத் தலைப்பைத்தான் வாசிப்பார்கள். செய்மதிகள் அப்படி எதையும் காட்டவில்லை. தலைப்பை மாற்றுங்கள்.