நெற்றி வெளுக்கிறது லைட்டாலயா, எக்ஸ்போஷராலயா?

கல்லடிப்பெடியன்
வீட்டு முன்னறையைத்தான் ஸ்டூடியோ ஆக்கி வைச்சிரிக்கன். 10 அடிக்கு 12 அடி. ஒரு ஃபிளாஷ், அதுக்கு முன்னால மாட்டுற 90 சென்ரிமீற்றர் சொஃப்ட்பொக்ஸ் துணிப்பெட்டி, மற்றப் பக்கம் வெளிச்சத்தைத் திருப்ப வெள்ளை ரிஜிபோம் தட்டு. பொம்பிளைப் படமும் சாமத்தியவீட்டு அல்பமும்தான் கூட வருது, எல்லாருக்கும் கிளாமர் ஸ்டைல் வேணுமாம். நெற்றியும் மூக்குத்தண்டும் கன்னமேடும் திட்டுத்திட்டா வெளுத்துப் போகுது. எக்ஸ்போஷரை, அதாவது கமெரா எடுக்கிற வெளிச்சத்தைக் குறைச்சா முகமே இருண்டு போகுது. லைட்டைத் தள்ளி வைக்கச் சொன்னாங்க, வைச்சுப் பார்த்தன், இன்னும் மோசம். தெரிஞ்சாக்கள் சொல்லுங்க.

பிலிம்ரோல்
தம்பி, வெளுத்தா வெளுக்கட்டும். கிளாமர் எண்டாலே பளிச்செண்டு இரிக்கோணும். கலர் நெகட்டிவ் காலத்தில நாங்க வேணுமெண்டே ஒரு ஸ்டொப், அதாவது வெளிச்சத்தை ரெண்டு மடங்காக் கூட்டித்தான் எடுப்பம். தோல் மெத்தெண்டு வரும், ஒருத்தரும் குறை சொன்னதில்ல. இப்ப எல்லாரும் ஹிஸ்டோகிராமை, அந்த வெளிச்ச வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு நிக்கிறீங்க, பிள்ளையின்ர முகத்தைப் பார்க்க ஆளில்ல.

நிழல்வெட்டு
அண்ணன், நெகட்டிவ் தாங்கும், டிஜிட்டல் கமெராட சென்சர் தாங்காது. நெகட்டிவ்ல ஹைலைட், அதாவது வெளிச்சம் கூடின இடம், கொஞ்சங்கொஞ்சமா மட்டுப்படும், பிரிண்ட் போடேக்க இறக்கி எடுக்கலாம். சென்சர் நிரம்பினா நிரம்பினதுதான், அந்த இடத்தில வெறும் கடதாசி வெள்ளை மட்டும் மிஞ்சும்.

கல்லடிப்பெடியன், நீ ரோவில, அதாவது கமெரா பதப்படுத்தாத மூலக் கோப்பில எடு. ஒரு ஸ்டொப் குறை. மறுகா கம்பியூட்டர்ல லைட்றூம்ல முகத்தை வெளிச்சமாத் தூக்கு. 14 பிட் ரோவில 16,384 வெளிச்சப் படி இரிக்கு, ஜேபெக்கில 256தான். தூக்கத் தாராளமா இடமிரிக்கு.

மூணாம்லைட்
காத்தான்குடியிலருந்து எழுதுறன். ரெண்டு பேர் சொல்றதிலயும் எனக்கு உடன்பாடில்ல. பிலிம்ரோல் அண்ணன் நெற்றியைக் கைவிடச் சொல்றார். நிழல்வெட்டு நெற்றியைக் காப்பாற்றி முகத்தைக் கைவிடச் சொல்றார். எக்ஸ்போஷரைக் கூட்டினாலும் குறைச்சாலும் நெற்றிக்கும் கன்னத்துக்கும் உள்ள வித்தியாசம் அப்படியேதான் இரிக்கும். ரெண்டும் சேர்ந்து ஏறும், சேர்ந்து இறங்கும். வித்தியாசத்தைக் குறைக்கிறது லைட்ட வேலை.

தோலிலருந்து ரெண்டு விதமா வெளிச்சம் திரும்பி வருது. ஒண்டு தோலுக்குள்ள போய், தோலின்ட நிறத்தை எடுத்துக்கொண்டு நாலு பக்கமும் சிதறி வரும். மற்றது மேல இரிக்கிற எண்ணெய்ப்பசையில பட்டு நேராத் திரும்பும். அது நிறம் எடுக்காது, லைட் என்ன நிறமோ அதே நிறம். நேரா விழுற வெளிச்சத்தில அது நூற்றுக்கு நாலைஞ்சு பங்குதான், வெள்ளைக்காரனுக்கும் நமக்கும் பெரிய வித்தியாசமில்ல. ஆனா நம்மட தோலில முதலாவது குறைவு. அதனாலதான் மினுமினுப்பு எடுப்பாத் தெரியுது.

அந்த மினுமினுப்பு எண்டது சொஃப்ட்பொக்ஸ்ட பிம்பம். கண்மணிக்குள்ள சதுரமாத் தெரியிறதே, அதுவேதான் நெற்றியில கலங்கித் தெரியுது. லைட்டைத் தள்ளினா பிம்பம் சின்னதாகும், ஆனா அதுட பிரகாசம் குறையாது. முகத்தில விழுற வெளிச்சம்தான் குறையும். அதை ஈடுகட்ட நீங்க பவரைக் கூட்டுறீங்க, இல்லாட்டி லென்ஸ்ட அப்பேச்சரைத் திறக்கிறீங்க. மினுமினுப்பும் சேர்ந்து ஏறுது. தள்ளி வைச்சு மோசமானதுக்குக் காரணம் இதுதான் தம்பி. கிட்டக் கொண்டுவாங்க. முகத்துக்கு ரெண்டரை அடி, மூண்டு அடி. பவரை இறக்குங்க. மறுகா பாருங்க.

நிழல்வெட்டு
மூணாம்லைட் நானா, கிட்டக் கொண்டுவந்தா கழுத்துக்குக் கீழ என்ன நடக்கும்? தூரம் ரெண்டு மடங்கானா வெளிச்சம் கால் பங்கு. முகம் 2 அடியில, மடியில வைச்ச கை 4 அடியில எண்டா கை ரெண்டு ஸ்டொப் இருட்டு. மருதோண்டி போட்ட கையை இருட்டில விட்டா பொம்பிளை வீட்டாக்கள் சும்மா விடுவாங்களா?

மூணாம்லைட்
அந்தக் கணக்கு சின்ன பல்புக்குச் சரி. 3 அடிப் பெட்டியை 2 அடியில வைச்சா வெளிச்சம் அவ்வளவுக்குக் குறையாது. ஆனா குறையும், மறுக்கல்ல. பெட்டிட நடுவை நேரா முகத்துக்குக் குடுக்காம, முகத்துக்கு முன்னால கடந்து போகிற மாதிரித் திருப்பி, விளிம்பு வெளிச்சத்தை முகத்துக்கு விடுங்க. ரிஜிபோமைப் பக்கத்திலருந்து எடுத்து மடிக்கு முன்னால, படத்துக்குள்ள வராத அளவுக்குக் கீழ படுக்க வைங்க. கையும் எழும்பும், தாடைக்குக் கீழ இருட்டும் போகும்.

குறைச்சு எடுத்துத் தூக்குற கதைக்கு ஒண்டு சொல்லோணும். நம்மட பிள்ளையள்ட கறுத்த முடி, அரக்குக் கலர் கூறைச்சாறி, இதில ஒரு ஸ்டொப் தூக்கினா இருட்டான மடிப்பு முழுக்கப் புள்ளி வரும். ஃபோன்ல தெரியாது. 12க்கு 18 அல்பத்தில தெரியும்.

அரிதாரம்
நான் அக்கரைப்பற்றுப் பக்கம் மேக்கப் செய்யிறன். ஆம்பிளையள் எல்லாரும் லைட்டைப் பற்றியே கதைக்கிறீங்க. கச்சான் காத்தடிக்கிற மாதங்கள்ல, ஃபேன் மட்டும் ஓடுற அறையில, கூறையும் நகையுமா ஒரு பிள்ளையை அரைமணித்தியாலம் இருத்தி வைச்சா நெற்றி மினுங்காம என்ன செய்யும்? டிஷ்யூவால ஒத்தி எடுக்கோணும், தேய்க்கக் கூடாது. அதுக்கு மேல பவுடர், அதுவும் கொஞ்சமா. எச்டி பவுடர் எண்டு விக்கிற சிலிக்காப் பவுடரை அள்ளிப் பூசிட்டு கமெராவுக்கு மேல இரிக்கிற ஃபிளாஷால அடிச்சா கண்ணுக்குக் கீழ வெள்ளையடிக்கும். அதை எக்ஸ்போஷர் பிழை எண்டு சொல்றாக்களைப் பார்த்திரிக்கன்.

மற்றது, பிலிம்ரோல் அண்ணன். பளிச்செண்டு இரிக்கோணும் எண்டு நீங்க சொல்றது மினுமினுப்பையா, நிறத்தையா? மாநிறப் பிள்ளைக்கு அவள்ட நிறத்திலதான் ஃபவுண்டேஷன் போடுறன். நீங்க ஒரு ஸ்டொப் கூட்டினா முகம் சுண்ணாம்படிச்ச சுவராப் போகுது, கழுத்தும் கையும் வேற ஆளுட போல இரிக்கு.

பிலிம்ரோல்
தங்கச்சி, நிறத்தைக் கேக்கிறது நானில்ல, தாய்க்காரி. "கொஞ்சம் வெளிச்சமா எடுங்க தம்பி" எண்டு சொல்லிட்டுத்தான் உள்ளயே வருவா. காசு குடுக்கிறவ சொல்றதைக் கேக்காம உங்கட நியாயத்தை அல்பத்தில ஒட்டிக் குடுக்கவா?

அரிதாரம்
வெளிச்சமா எண்டுதானே கேக்கிறா, வெள்ளையா எண்டு கேக்கல்லையே. பின்திரையை வெளிச்சமாக்குங்க, கண்ணில நல்ல பெரிய பிம்பம் விழுத்துங்க. படம் வெளிச்சமாத்தான் தெரியும். பிள்ளையின்ர நிறம் ஏன் மாறோணும்?

பிலிம்ரோல்
வெள்ளையா எண்டு கேக்கிறாக்களும் இரிக்காங்க. நாளைக்கு ஒரு நாள் என்ர கடையில வந்து இருந்து பாருங்க.

கல்லடிப்பெடியன்
இண்டைக்கு நானா சொன்ன மாதிரிப் பெட்டியைக் கிட்டக் கொண்டுவந்து, தங்கச்சியை இருத்தி எடுத்தன். திட்டுப் பெருசாகி, மென்மையாகி, தோல் தெரியுது. கன்னமேடு இப்பவும் மஞ்சளடிக்குது, ஆனா ஹிஸ்டோகிராம்ல ஒண்டும் முட்டல்ல. அட்டியல் மட்டும் கமெராத் திரையில கறுப்பா மின்னி மின்னி, வெளுத்துப் போச்செண்டு எச்சரிக்கை காட்டுது. படம் கீழ போட்டிரிக்கன்.

மூணாம்லைட்
அட்டியல் மின்னட்டும். தங்கத்தில புள்ளி புள்ளியா வெளுக்காட்டி அது பித்தளை மாதிரித்தான் வரும். அதைக் காப்பாத்தப் போய் முகத்தை இருட்டாக்காதீங்க.

மஞ்சளுக்குக் காரணம் சிவப்பு. தோல் கூடுதலாத் திருப்பி அனுப்பிற நிறம் அதுதான், அதனால அதுதான் முதல்ல நிரம்பும். நிரம்பின பிறகும் பச்சை ஏறிக்கொண்டே போகும், சிவப்பும் பச்சையும் சேர்ந்தா மஞ்சள். ஒற்றை வெள்ளை ஹிஸ்டோகிராம்ல இது தெரியாது. மூண்டு நிறமும் தனித்தனியாக் காட்டுறதுக்கு மாத்துங்க. கமெராவில படத்துட ஸ்டைல் "விவிட்" எண்டு இருந்தா அதை "நியூட்ரல்" ஆக்குங்க. ரோ எடுத்தாலும் திரையில காட்டுற கணக்கு ஜேபெக்குக்கு உரியது.

நிழல்வெட்டு
சரி நானா, கிட்ட வைக்கிறது தனி முகத்துக்குச் சரி. பொம்பிளையையும் மாப்பிள்ளையையும் சேர்த்து எடுக்கேக்க, லைட்டுக்கு அங்கால நிக்கிறவர் இருண்டு போவார். அப்ப தள்ளித்தான் ஆகோணும், தள்ளினா மினுமினுப்பு. அந்த நேரம் நான் அரை ஸ்டொப் குறைச்சுத்தான் எடுப்பன், நீங்க என்ன சொன்னாலும்.

மூணாம்லைட்
ரெண்டு பேர் எண்டா லைட்டைத் தள்ளுங்க, ஆனா அதே பெட்டியோட தள்ளாதீங்க. அதை விடப் பெரிய 150 சென்ரிமீற்றர் வெள்ளைக் குடையை வைங்க. அதுவும் இல்லாட்டி ஃபிளாஷை வெள்ளைச் சுவருக்கு அடிச்சு எடுங்க, சுவர்தான் லைட்.

அரிதாரம்
வெள்ளைச் சுவர் எண்டு சொன்னதைக் கவனியுங்க. கல்லடிப்பெடியன், நீங்க போட்ட படத்தில தங்கச்சிட இடப்பக்கத் தாடை பச்சையடிக்குது. அறைச் சுவர் என்ன நிறம்?

கல்லடிப்பெடியன்
பச்சைதான். வாடகை வீடு அக்கா, பெயின்ற் அடிக்க விடமாட்டாங்க.

அரிதாரம்
வெள்ளைப் பெட்சீற் ஒண்டைக் கட்டித் தொங்க விடுங்க. ரிஜிபோமை இனி மடிக்குக் கொண்டு போறீங்க, அந்தப் பக்கம் சும்மாதானே கிடக்கப் போகுது.