மறுமொழி: ‘கடும் மீன் நச்சுத்தன்மைச் சோதனை’ – சொல் சரிதானா?

> பூச்சிமருந்து ஒன்றின் பாதுகாப்புத் தரவுத் தாளைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். 12-ஆம் பகுதியில், நன்னீர் மீன்களை வேதிப்பொருள் கலந்த நீரில் 96 மணி நேரம் விட்டுப் பார்க்கும் சோதனை வருகிறது. அகராதியை ஒட்டி ‘கடும் மீன் நச்சுத்தன்மைச் சோதனை’ என்று போட்டிருக்கிறேன். அதன் முடிவாக வரும் எல்.சி.50-க்கு, அதாவது மீன்களில் பாதி சாகக்கூடிய செறிவுக்கு, ‘அரைக்கொல் செறிவு’. இரண்டுமே உறுத்துகின்றன. குழுவில் உள்ளவர்கள் உதவ வேண்டும்.

அன்புள்ள அம்மா, வணக்கம்.

உறுத்துவது நியாயந்தான். முதலில் ‘மீன் நச்சுத்தன்மை’யை எடுத்துக்கொள்வோம். இதைக் காசிமேட்டில் மீன் வாங்க வந்த ஒருவரிடம் காட்டினால், மீனில் நஞ்சு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள் என்றுதான் புரிந்துகொள்வார். 2018-இல் ஃபார்மலின் பேச்சு எழுந்தபோது சந்தைகளில் மீனை எடுத்துச் சோதித்தார்களே, அதற்கு இந்தப் பெயர் கச்சிதமாகப் பொருந்தும். பேத்தை மீனைத் தின்றவருக்கு வருவதும் மீன் நச்சுதான். நம் சோதனையில் மீனிடம் நஞ்சு கிடையாது, அது நஞ்சை வாங்கிக்கொள்கிறது. உருபை விழுங்கித் தொகையாக்கியதில் யார் கொடுத்தது, யார் வாங்கியது என்பதே தலைகீழாகிவிட்டது.

முந்தைய மடலில் ஒருவர் ‘மீனுக்கான நச்சு’ என்று திருத்தியிருந்தார். அது குளத்தில் காக்கைக்கொல்லி விதையை இடித்துக் கலக்கி மீன் பிடிக்கிற வேலையை நினைவூட்டுகிறது. ‘மீன்மீது’ என்று உருபை வெளிப்படையாகவே வைத்துவிடலாம் என்பது என் எண்ணம். தொகைதான் அழகு என்று தமிழாசிரியர்கள் கோபிக்கக்கூடும். கோபிக்கட்டும். (இன்னொருவர் எழுதிய ‘நஞ்சைச் சோதித்தல்’ என்ற வடிவத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தஞ்சாவூர்க்காரர்கள் வயலுக்கு மண் பரிசோதனை என்று நினைத்துக்கொள்வார்கள்.)

‘கடும்’ இதைவிட ஆபத்தானது. மூலத்தில் உள்ள ‘அக்யூட்’ (acute) என்ற ஆங்கிலச் சொல் இங்கே காலத்தைக் குறிக்கிறது, கடுமையை அல்ல. ஒருமுறையோ சில நாட்களோ பட்டால் சீக்கிரம் தெரியவரும் கேடு ஒருபக்கம், மாதக்கணக்கில் பட்டால் வளர்ச்சியிலும் முட்டையிடுவதிலும் தெரியவரும் கேடு மறுபக்கம். முன்னதைத்தான் இந்தச் சோதனை அளக்கிறது. அளந்து பார்த்தபின் அந்தப் பொருள் ஏறக்குறைய தீங்கற்றது என்றுகூட முடிவு வரலாம். அப்போது நீங்கள் ‘கடும் நச்சுத்தன்மை: குறைவு’ என்று எழுத வேண்டியிருக்கும்.

வேதிப்பொருள்களை வகைப்படுத்தும் உலகளாவிய முறையில், ஜி.எச்.எஸ். என்பார்களே, அதில் இது இன்னும் சிக்கலாகும். நீர்வாழ் உயிர்களுக்கான இந்தப் பிரிவில் மூன்று வகை. எல்.சி.50 லிட்டருக்கு 1 மில்லிகிராமோ அதற்குக் குறைவோ என்றால் முதல் வகை. 1-க்கு மேல் 10 வரை இரண்டாவது, 10-க்கு மேல் 100 வரை மூன்றாவது. மூன்றாம் வகைக்கான எச்சரிக்கை வாசகம் ‘தீங்கானது’ என்ற அளவோடு நின்றுவிடுகிறது. அதன் தலைப்பில் ‘கடும்’ என்று போட்டால் தலைப்பும் வாசகமும் ஒன்றையொன்று மறுக்கும்.

உங்கள் தாள் பூச்சிமருந்தைப் பற்றியது என்பதால் இன்னொரு காரணமும் உண்டு. நம் ஊர் மருந்து டப்பாவில் இருக்கும் சிவப்பு, மஞ்சள், நீல, பச்சை முக்கோணங்கள் நச்சின் கடுமையைத்தான் சொல்கின்றன. வாய்வழி உட்கொண்டால் எலிகளில் பாதியைக் கொல்ல எவ்வளவு என்ற கணக்கு அதில் முக்கியம்: உடல் எடை கிலோவுக்கு 50 மி.கி. வரை சிவப்பு, 500 வரை மஞ்சள், 5000 வரை நீலம், அதற்கு மேல் பச்சை. மீன் அந்தக் கணக்கிலேயே இல்லை. பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்துகள் பாலூட்டிகளின் உடலில் ஓரளவு சீக்கிரம் சிதைந்துவிடும். மீனுக்கோ லிட்டருக்குச் சில மைக்ரோகிராமே போதும். முக்கோணத்தைப் பார்த்துப் பழகிய கடைக்காரர் உங்கள் தாளில் ‘கடும்’ என்று பார்த்தால் இதையும் அந்தத் தரவரிசையில் ஒன்றாகத்தான் எடுத்துக்கொள்வார்.

‘தீவிர’ என்று போடலாமா என்று கேட்டிருந்தார்கள். அது மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட சொல். ‘உடனடி’யும் சரிப்படாது. நாலு நாள் காத்திருந்து எண்ணுவதை யாரும் உடனடி என்று சொல்ல மாட்டார்கள். ஆகவே ‘குறுங்கால நச்சுமை’. அதற்கு இணையாக மறுபக்கத்துக்கு ‘நாட்பட்ட நச்சுமை’. நாட்பட்ட புண், நாட்பட்ட இருமல் என்று மக்களே வழங்குவதால் அதைப் புதிதாக ஆக்க வேண்டியதில்லை. ‘நச்சுத்தன்மை’ தவறில்லை, ஆனால் ஆறு சொல் தொடரில் அது ஒரு வண்டி நீளம் இழுக்கிறது.

செறிவுக்கு வருவோம். சோதனை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் சொல் தானாக வரும்.

பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான பன்னாட்டு அமைப்பான ஓ.இ.சி.டி. வெளியிட்ட சோதனை வழிகாட்டி 203-தான் உலகெங்கும் அடிப்படை. 1981-இல் வந்தது, 1992-இல் திருத்தப்பட்டது, மறுபடி 2019-இல். குறைந்தது ஐந்து செறிவுகள் வேண்டும். அவை பெருக்குத் தொடராக இறங்க வேண்டும், மடங்கு 2.2-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. லிட்டருக்கு 100 மி.கி.யில் தொடங்கினால் 45.5, 20.7, 9.4, 4.3 என்று போகும். ஒவ்வொரு செறிவுக்கும் குறைந்தது ஏழு மீன். மருந்தே கலக்காத தொட்டியிலும் அதே எண்ணிக்கை. 24, 48, 72, 96 மணிகளில் செத்ததை எண்ணி எடுத்துவிட வேண்டும். இந்தக் காலம் முழுவதும் தீனி கிடையாது.

இப்போது ‘அரைக்கொல் செறிவு’க்கு வாருங்கள். ஏழில் பாதி மூன்றரை. மூன்றரை மீன் செத்த தொட்டி எந்த ஆய்வகத்திலும் இருக்காது. ஒரு தொட்டியில் இரண்டு சாகும், அடுத்த தொட்டியில் ஆறு சாகும். பாதி சாகக்கூடிய செறிவு அந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்று வளைகோடு போட்டுக் கணக்கிடுகிறோம். யாரும் கண்ணால் பார்த்த செறிவு இல்லை அது. ‘அரைக்கொல்’ என்றாலோ மீனை அரைகுறையாகக் கொல்லும் செறிவு என்று படுகிறது. அதற்கு ‘கொல்செறிவு-50’ நல்லது. எண்ணை மாற்றினால் கொல்செறிவு-10, கொல்செறிவு-90 என்று அதே சொல் போதும். தெள்ளுப்பூச்சி போலத் தத்தும் டாஃப்னியா என்ற சிறு நீருயிரில் 48 மணியில் சாவை எண்ணாமல் அசைவு நின்றதை எண்ணுவார்கள். அங்கே ‘விளைவுச்செறிவு-50’. எலிக்கு வாயில் புகட்டும்போது எவ்வளவு உள்ளே போனது என்று தெரியும், அதனால் அது ‘கொல்லளவு-50’. மீன் செவுள் வழியாக எவ்வளவு இழுத்தது என்று நமக்குத் தெரியாது, நீரில் எவ்வளவு இருந்தது என்பதே தெரியும். அளவும் செறிவும் கலந்துவிடக் கூடாது. உங்கள் வரைவில் ஓரிடத்தில் கலந்திருக்கிறது, பாருங்கள்.

நீரில் எவ்வளவு இருந்தது என்பதிலும் ஒரு கண்ணி உண்டு. நாம் போட்டது ஒன்று, இருப்பது வேறு. சில மருந்துகள் கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும், சில ஆவியாகும், சில நீரிலேயே சிதையும். தாளில் இரண்டு எண் வந்தால் ‘இட்ட செறிவு’, ‘அளந்த செறிவு’ என்று பிரித்துக் காட்டுங்கள். இதனால்தான் தொட்டி நீருக்கும் மூன்று விதமான முறைகள் வைத்திருக்கிறார்கள். நாலு நாளும் அதே நீர் என்றால் தேங்குநீர் முறை. குறித்த இடைவெளியில் நீரை மாற்றி மருந்தைப் புதிதாகக் கலந்தால் மாற்றுநீர் முறை. குழாய் வழியே இடைவிடாமல் வந்து போய்க்கொண்டிருந்தால் ஓடுநீர் முறை. ‘அரை-நிலையான அமைப்பு’ என்று நீங்கள் எழுதியிருப்பது மாற்றுநீர். அரை-நிலையானது என்றால் ஆடும் மேசை என்றல்லவா தோன்றுகிறது!

மருந்து கலக்காத ‘கட்டுப்பாட்டுத் தொட்டி’யையும் ‘ஒப்புத் தொட்டி’ ஆக்கிவிடுங்கள். மற்றத் தொட்டிகளை அதனோடு ஒப்பிடுகிறோம், அவ்வளவுதான். அதில் பத்து விழுக்காட்டுக்கு மேல், பத்துக்கும் குறைவான மீன் விட்டிருந்தால் ஒன்றுக்கு மேல், செத்துவிட்டால் முழுச் சோதனையும் செல்லாது. நீரில் கரைந்த உயிர்வளி நிறைநிலையில் 60 விழுக்காட்டுக்குக் கீழே போனாலும் செல்லாது. மூச்சுமுட்டிச் செத்த மீனை நஞ்சின் கணக்கில் எழுதக் கூடாது இல்லையா. நீர்மட்டத்தில் வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடும் மீனைப் பார்த்தால் எந்தக் குளத்துக் குத்தகைக்காரரும் சொல்லிவிடுவார், காற்று பத்தவில்லை என்று.

‘இணங்கவைப்பு’ என்று எழுதியிருப்பதற்கு வெறும் ‘நீர்ப் பழக்கம்’ போதும். கொளத்தூரில் ஜீப்ரா மீன் வாங்கப் போனாலே கடைக்காரப் பையன் சொல்லி அனுப்புவான், ‘தண்ணி பழக்கிட்டு விடுங்க சார்’ என்று. ஆய்வகத்திலும் அதுவேதான், நாட்கணக்கில் நடக்கும். அதில் ஏழு நாளுக்குள் பத்து விழுக்காட்டுக்கு மேல் செத்தால் தொகுதியையே தள்ளிவிடுவார்கள்.

கடைசியாக ஒன்று. ‘மரணத் தறுவாயில் உள்ள மீன்கள்’ என்ற தொடர். ஓர் அங்குலம் தேறாத மீன் செத்துவிட்டதா என்று பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. செவுள்மூடி அசைகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். அசையாவிட்டால், வால் துடுப்புக்குச் சற்று முன்னே உடல் ஒடுங்கும் இடத்தைக் கண்ணாடிக் கோலால் மெல்லத் தொட வேண்டும். துள்ளல் இல்லாவிட்டால்தான் செத்தது. ஆனால் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும், செவுள் எப்போதாவது ஒருமுறை அசையும், தொட்டால் ஒரு சின்ன வெட்டு வெட்டிவிட்டு அடங்கும், இப்படியும் சில இருக்கும். காலை எட்டு மணிக்கு அவற்றைச் செத்ததில் சேர்ப்பதா வேண்டாமா என்று ஆய்வகத்தில் வாக்குவாதமே நடக்கும். 2019 திருத்தம் சாவுக்கு முந்தைய இந்த அறிகுறிகளைப் பதிவுசெய்வதை வற்புறுத்துகிறது. இவற்றுக்கு நம்மிடம் ஒரு பழைய சொல் சும்மா கிடக்கிறது: குற்றுயிர். ‘குற்றுயிரும் குலையுயிருமாக’ என்று சொல்கிறோமே, அதேதான். ‘குற்றுயிர் மீன்கள்: 2’ என்று கட்டத்தில் எழுதலாம். இடமும் மிச்சம்.

அன்புடன்.

> ஐயா, வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நாங்கள் கணிதத்தில் ‘கூர்ங்கோணம்’ என்றே படித்தோம். அதனால் ‘கூர் நச்சுமை’ என்று சொன்னால் மூலச் சொல்லோடும் ஒத்துப்போகுமே? மற்றது, இவ்வளவு மீனைக் கொல்லத்தான் வேணுமோ என்ற கேள்வியும் இருக்கிறது.

வணக்கம் தங்கச்சி.

தமிழ்நாட்டில் அதே கோணம் ‘குறுங்கோணம்’. ஆகவே ‘குறு’ என்பது இங்கே தற்செயலாகப் பொருந்தி நிற்கிறது, ‘கூர்’ அங்கே பொருந்துகிறது. கணிதத்துக்கு இரண்டும் இருக்கட்டும். நச்சுக்கு ‘கூர்’ வேண்டாம் என்பேன். கூர்மையும் கடுமையின் பக்கம்தான் சாய்கிறது, கால அளவு அதில் கேட்கவில்லை.

உங்கள் இரண்டாவது கேள்வியால் நமக்கு இன்னும் இரண்டு சொல் வேலை வந்து சேர்கிறது. 2013-இல் வழிகாட்டி 236 வந்தது. அதில் வளர்ந்த மீன் இல்லை, கருவுற்ற ஜீப்ரா மீன் முட்டைகளை அதே 96 மணி மருந்துநீரில் வைத்து, கரு உறைந்துபோகிறதா, இதயம் துடிக்கிறதா என்று உருப்பெருக்கியில் பார்ப்பார்கள். இதை ‘மீன்கரு நச்சுமைச் சோதனை’ எனலாம். கருவுக்கு நஞ்சு கிடையாது என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் இங்கே தொகையில் மயக்கம் வராது. 2021-இன் வழிகாட்டி 249-க்கு மீனே வேண்டாம், வானவில் டிரவுட்டின் செவுளிலிருந்து எடுத்து வளர்த்த உயிரணு வரிசை போதும். ‘செவுள் உயிரணுச் சோதனை’ என்று வைத்துக்கொள்வோமா? இலங்கையில் மீனின் செவுளைப் ‘பூ’ என்று சொல்வதாகக் கேள்வி. ‘பூ உயிரணு’ என்று போட்டால் இங்கே தாவரவியல் ஆகிவிடும், அதனால் செவுளே இருக்கட்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் மீனை முழுக்க விட்டுவிட இன்னும் வழியில்லை. சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகள், 1986-இன் பொதுத் தரத்தில், ஆலைக் கழிவுநீரில் நல்ல தண்ணீர் கலக்காமல் மீனை விட்டால் 96 மணிக்குப் பிறகு 90 விழுக்காடு பிழைத்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. தோல், சாயப் பட்டறைப் பக்கம் எல்லோரும் இதை ‘பயோ-அஸே’ என்பார்கள். அதில் கொல்செறிவு கணக்கிடுவதில்லை, தேறியதா இல்லையா என்பதோடு சரி. எனவே அதற்கு ‘96 மணி மீன் பிழைப்புச் சோதனை’ என்று தனிப் பெயர் தர வேண்டும். இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குக் கொடுக்கும் அறிக்கையில் குழப்பம் வரும்.

> ஐயா, நன்றி. எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். ஒரே ஒரு வரி நிற்கிறது. ‘கொல்செறிவு-50: லிட்டருக்கு 100 மி.கி.க்கு மேல்’ என்று மூலத்தில் இருக்கிறது. வாடிக்கையாளர் ‘மீனுக்குத் தீங்கில்லை’ என்று சுருக்கச் சொல்கிறார்.

அம்மா, சுருக்காதீர்கள். அது வரம்புச் சோதனையாகத்தான் இருக்கும். 100 மி.கி. என்ற ஒரே செறிவில் மட்டும் விட்டுப் பார்த்து, சாவு இல்லை என்பதால் அதற்கு மேல் போகாமல் நிறுத்தியிருப்பார்கள். நாட்பட்ட நச்சுமை பற்றி அந்த வரி எதுவுமே சொல்லவில்லை. இப்படி எழுதுங்கள்: ‘ஜீப்ரா மீன்மீது குறுங்கால நச்சுமை (96 மணி, மாற்றுநீர் முறை): வரம்புச் சோதனையில் லிட்டருக்கு 100 மி.கி. வரை சாவு இல்லை. கொல்செறிவு-50 அதற்கு மேல்.’ எந்த மீன், எந்த நீர்முறை, வரம்புச் சோதனைதானா, சாவு இருந்ததா என்பதை மூலத்தில் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள், நான் ஊகித்து எழுதியிருக்கிறேன். வாடிக்கையாளர் மறுத்தால் அடுத்த மடலில் சொல்லுங்கள், அவருக்கு ஆங்கிலத்திலேயே ஒரு பத்தி எழுதித் தருகிறேன்.