மீற்றர் லைற் 45 செக்கனுக்கு ஒருக்கா மின்னினது: போனால காசு மிஞ்சின (மிஞ்சாத) கதைகள்

கோண்டாவிலான்

போன மாசி மாசக் கரண்ட் பில்லில 194 யூனிற். வீட்டில ஏசி இல்லை, பெடியன் கொழும்பில, நானும் மனிசியும்தான். ரெண்டு பேருக்கு 194 எப்பிடி? மனிசி என்னைப் பாக்கிறா, நான் பிரிஜைப் பாக்கிறன்.

அந்த நேரம் பாத்து கனடாவில இருந்து வந்த மச்சான் நாலு ஸ்மார்ட் பிளக் கொண்டந்தவர். "இதில கொழுவி விடுங்கோ அத்தான், எது எவ்வளவு இழுக்குதெண்டு போனிலயே காட்டும்." அவை இருக்கிற இடத்தில 120 வோல்ற், எங்களுக்கு 230. ரெண்டு பேருக்கும் அந்த நேரம் அது மண்டையில ஓடேல்லை. தட்டைக் கால் பிளக் எண்டு ரவுணுக்குப் போய் அடப்டர் வேற வாங்கி வந்தன். சுவிச்சைப் போட்டன், டப். குசினி முழுக்க எரிஞ்ச பிளாஸ்ரிக் மணம். மிச்சம் மூண்டையும் மச்சான் திரும்பிப் போகேக்க மனிசியே அவற்ற பாய்க்குள்ள வைச்சு விட்டா.

பிறகுதான் பெடியன் போனில சொன்னான், "அப்பா, அந்த மீற்றரில சிவப்பா ஒண்டு மின்னும், அதை எண்ணுங்கோ" எண்டு. எங்கட மீற்றரில 1600 எண்டு அடிச்சிருக்கு. ஒரு யூனிற் ஓடி முடிய அந்தச் சின்ன லைற் 1600 தரம் மின்னுமாம். இரவு பத்து மணிக்கு எல்லாத்தையும் நிப்பாட்டினன். பிரிஜ் பிளக்கையும் கழட்டியாச்சு. ரோச்சை வாயில கவ்விக்கொண்டு, போனில ஸ்ரொப் வோச்சைப் போட்டு, நுளம்புக் கடியோட மீற்றருக்கு முன்னால நிண்டன்.

மின்னக் கூடாது. மின்னிச்சு. சரியா 45 செக்கனுக்கு ஒருக்கா.

மணித்தியாலத்துக்கு 80 தரம். 80ஐ 1600ஆல பிரிச்சால் 0.05 யூனிற், அதாவது 50 வாற் சாமான் ஒண்டு எங்கயோ ஓடிக்கொண்டிருக்கு. நாளுக்கு 1.2 யூனிற், மாசத்துக்கு 36.

ஒவ்வொரு அறையாத் தேடினன். கடைசியில சாமியறைக்குப் பக்கத்து அலுமாரிக்குப் பின்னால பழைய இன்வேர்ட்டர். 2022இல ஒரு கட்டத்தில நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினவை, ஞாபகம் இருக்குத்தானே? அப்ப கடன்பட்டு வாங்கினது. பிறகு அதை ஆரும் திரும்பிப் பாக்கேல்லை. பட்டரி எப்பவோ செத்துப் போச்சு, ஆனா சார்ஜர் விடாமல் ஊட்டிக்கொண்டே இருந்திருக்கு. தொட்டுப் பாத்தன், இளஞ்சூடு. எங்கட பூனை ஏன் அதுக்கு மேலயே படுக்கிறதெண்டு அப்பதான் விளங்கிச்சு.

கழட்டின பிறகு அடுத்த மாசம் 157. லாபம் ரெண்டு. யூனிற் குறைஞ்சது ஒண்டு. 180ஐத் தாண்டின யூனிற்றுக்குத்தான் ஆகக் கூடின விலை, மாதக் கட்டணமும் ஏறும், அந்தப் படியில இருந்து இறங்கினது மற்றது. பூனைக்குத்தான் கோவம்.

உங்களுக்கும் இப்பிடி ஏதாவது இருந்தால் எழுதுங்கோ. அப் போட்டு உண்மையிலயே மிச்சம் பிடிச்ச ஆக்கள் இருக்கினமோ எண்டும் அறிய ஆசை.

நல்லூர் அக்கா

அண்ணை, அந்த 120 வோல்ற் கதையை வாசிச்சிட்டு இவரையும் கூப்பிட்டுக் காட்டினனான். எங்கட வீட்டிலயும் ஒரு கனடா மிக்சி அப்பிடித்தான் போனது.

என்ர கதை சந்தைக் கதை. சுப்பர்மார்க்கெட் அப் ஒண்டு போட்டனான், விலைக் கழிவு வந்தால் சத்தம் போடும். மூண்டு மாசம் கழிச்சுக் கணக்குப் பாத்தால் முந்தியை விடக் கூடச் செலவு. தேவையில்லாத சோஸ் போத்தில் நாலு அலுமாரியில கிடக்கு. அழிச்சுப் போட்டன்.

மிஞ்சினது எங்கட ஒழுங்கை வட்ஸ்அப் குறூப்பாலதான். முந்தி ஆரின்ர நாய் குரைச்சதெண்டு சண்டை பிடிக்கிறதுக்குத்தான் அது இருந்தது. இப்ப விடிய ஆறு மணிக்கு ஆர் திருநெல்வேலிச் சந்தைக்குப் போகினமோ அவை விலையை ஒரு குரல் பதிவில சொல்லுவினம். கத்தரிக்காய் இவ்வளவு, முருங்கைக்காய் இவ்வளவு, மரவள்ளி இண்டைக்கு வேண்டாம், நார். அதைக் கேட்டுத்தான் சமையலே முடிவாகும். வெங்காயம், செத்தல் மிளகாய் எண்டால் நாலு வீடு சேந்து சுன்னாகத்தில மூட்டையா எடுத்து, எங்கட விறாந்தையில தராசு வைச்சுப் பிரிக்கிறது. நல்லூர்த் திருவிழா 25 நாளும் எல்லா வீட்டிலயும் மரக்கறிதான், விலை ஏறிப்போய் நிக்கும். போன முறை கொடியேற முந்தியே வெங்காயம் வாங்கி வைச்சிட்டம்.

ஒரே ஒரு பிரச்சினை. பெரிய வெங்காயம் ஆருக்கு, சின்ன வெங்காயம் ஆருக்கு எண்டு வரும். அதுக்கு அப் இல்லை.

கொக்குவில் பெடியன்

நான் பெற்றோல் ஆள். 2022 ஆடியில பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் வந்தபோது மோட்டச்சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தானே. அப்ப எவ்வளவு ஓடுறன் எண்டு ஒரு அப்பில எழுதத் தொடங்கினனான், கட்டுப்பாடு எடுத்த பிறகும் விடேல்லை. லீற்றருக்கு 48 கிலோமீற்றர் ஓடினது ஒரு மாசம் 39க்கு வந்திட்டுது. எழுதாட்டி தெரிஞ்சிராது. பாத்தால் பின் ரயரில காத்துக் காணாது, எயார் பில்ரரும் புழுதி. காத்தடிக்கக் கடைக்காரர் காசே வாங்கேல்லை.

வல்வெட்டித்துறை ஓய்வூதியர்

பிள்ளையள், நான் அறுபத்தெட்டு வயசு. மாசம் பாதியிலயே என்ர டேற்றா முடிஞ்சு போகும், திரும்பத் திரும்பப் போடுவன். மகள் நோர்வேயில இருந்து கதைக்கிறதாலதான் எண்டு நினைச்சு, "பிள்ளை, கனநேரம் கதையாதை" எண்டு சொல்லிப் போட்டன். அவள் அழுதிட்டாள். பிறகு பேரன்தான் கண்டுபிடிச்சவன். பழைய மாணவர் குறூப்பில வாற 'இனிய காலை வணக்கம்' வீடியோ எல்லாம் தன்ர பாட்டில இறங்கிக்கொண்டிருந்திருக்கு. இறங்காமல் நிப்பாட்டி விட்டான். இப்ப மாசக் கடைசியிலயும் மிச்சம் கிடக்கு. மகளோட முக்கால் மணித்தியாலம் கதைக்கிறன்.

இன்னொண்டு. "உங்கள் மின் கட்டணத்தில் கழிவு" எண்டு ஒரு குறுஞ்செய்தி வந்து, கீழ லிங்க் ஒண்டும் கிடந்தது. அமத்தினனான். காட் நம்பரும், பிறகு என்ர போனுக்கு வந்த ஆறு இலக்க ரகசிய நம்பரும் கேட்டது. ஆறு இலக்கத்தைக் குடுக்க முதல் கண்ணாடி தேடப் போனதால தப்பினன்.

கோண்டாவிலான்

ஐயா, அந்தக் கண்ணாடியைப் பத்திரமா வைச்சிருங்கோ.

மானிப்பாய் ரீச்சர்

ஸ்மார்ட் பிளக்கை அப்பிடித் தள்ளிப் போடாதேங்கோ. எனக்கு லண்டனில இருந்து வந்தது. அங்கயும் 230 வோல்ற், சதுரக் கால், எங்கட 13 அம்பியர் பிளக் பொயின்ற்றில நேராப் போகும். பிரிஜில கொழுவிப் பாத்தன், நாளுக்கு 2.6 யூனிற். கதவு ரப்பருக்குள்ள ஒரு கடதாசியை வைச்சு மூடி இழுத்தன், வழுக்கிக்கொண்டு வந்திட்டுது. ரப்பர் மாத்தினம், இப்ப 1.7. அதுக்குப் பிறகு அந்தப் பிளக்குக்கு வேலை இல்லை, அயல் வீட்டார் மாறி மாறிக் கொண்டு போகினம்.

தண்ணி மோட்டருக்கு மட்டும் அதைக் கொழுவாதேங்கோ. ஸ்ராட் ஆகேக்க கனக்க இழுக்கும், உருகிப் போகும். ஒரு எச்பி மோட்டர் மணித்தியாலத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு யூனிற் தின்னும். போட்டிட்டுக் கதையில இருந்து தாங்கி வழியிறதுதான் எங்கட வீட்டு வழக்கம். தாங்கி நிரம்ப 25 நிமிசம், அதுக்குப் போனில அலாரம் வைச்சிருக்கிறன். மாமியார் அலாரத்தை நிப்பாட்டுவா, மோட்டரை நிப்பாட்ட மாட்டா.

நல்லூர் அக்கா

கோண்டாவில் அண்ணை, எங்கட மீற்றரில 3200 எண்டு போட்டிருக்கு. அப்ப கணக்கு எப்பிடி?

கோண்டாவிலான்

3200 எண்டால் உங்கட ஒரு மின்னல் என்ரதில பாதி, தங்கச்சி. ஒரு மணித்தியாலத்தில எத்தினை தரம் மின்னுதோ அதை 3200ஆல பிரியுங்கோ. எல்லாத்தையும் நிப்பாட்டிப் போட்டு எண்ணுங்கோ, ரீவிக்குக் கீழ இருக்கிற டிஷ் பெட்டியையும் மறக்காமல்.

நல்லூர் அக்கா

சரி அண்ணை, இரவு இவரை மீற்றருக்கு முன்னால நிப்பாட்டிப் போட்டு வந்து எழுதுறன்.

நல்லூர் அக்கா

நிப்பாட்டினனான். ரோச்சும் குடுத்தாச்சு. எண்ணத் தொடங்கக் கரண்ட் போயிட்டுது. அவர் இன்னும் அங்கதான் நிக்கிறார்.