சத்ரியா காரைப் போட்டிக்குக் கழற்றினேன், இப்போது பேட்டரி சார்ஜ் ஏறவில்லை. உதவி தேவை

சிப்புட் சத்ரியா:
அண்ணன்மார்களுக்கு வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறேன். வண்டி 1996 ப்ரோட்டான் சத்ரியா, 1.6 இன்ஜெக்‌ஷன், மேனுவல் கியர். இனி ரோட்டில் ஓட்டுவதில்லை, செம்மண் பாதையில் நடக்கும் ஆட்டோகிராஸ் கார்ப் பந்தயத்துக்கு மட்டும் என்று முடிவு செய்து மூன்று மாதமாகக் கழற்றிக்கொண்டிருக்கிறேன்.

பின் சீட், கார்பெட், கூரைத் துணி, ஏர்கோன், டேஷ்போர்டு எல்லாம் வெளியே வந்தாயிற்று. கழற்றிய ஒவ்வொன்றையும் அப்பா செம்பனைக் குலை நிறுக்கும் தராசில் தொங்கவிட்டு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். பின் சீட் 17 கிலோ. ஏர்கோன் கம்ப்ரசரும் குழாய்களும் சேர்ந்து 19. தரையில் ஒட்டியிருந்த தார்ப் பட்டை மட்டுமே 8 கிலோ. அந்தத் தாரோடுதான் அதிகம் போராடினேன். மத்தியானத்தில் சுரண்டினால் கருப்பு ஜவ்வாக இழுத்துக்கொண்டு வருகிறது. விடியற்காலை தகடு சில்லென்று இருக்கும்போது உளி வைத்துத் தட்டினால் பிஸ்கட் மாதிரி உடைகிறது. அதனால் வேலைக்குப் போகும் முன் தினமும் ஒரு மணி நேரம் அதைத்தான் செய்தேன்.

பிரச்சினை இதுதான். எஞ்சின் உடனே ஸ்டார்ட் ஆகிறது. இருபது நிமிடம் நன்றாக ஓடி, அப்புறம் இருமி இருமி நின்றுவிடுகிறது. ஓடும்போது பேட்டரி முனையில் அளந்தால் முதலில் 12.1 வோல்ட், போகப்போக 11.4. பேட்டரிக்குச் சார்ஜ் தரும் ஆல்டர்னேட்டர்தான் போய்விட்டது என்று நினைத்து, பழைய கார்களின் பாகங்கள் விற்கும் ஹாஃப்-கட் கடையில் 120 வெள்ளிக்கு (ரிங்கிட்) வேறொன்று வாங்கி மாட்டினேன். அதே கதை. பேட்டரி புதிது, பெல்ட் இறுக்கம் சரி. அடுத்த மாதம் போட்டி. எங்கே பார்ப்பது?

குளுவாங்காரன்:
தம்பி, முதலில் எர்த்தை, அதாவது பேட்டரி நெகட்டிவை வண்டியின் இரும்போடு இணைக்கும் தொடர்பை, பாருங்கள். கார்பெட்டுக்கு அடியிலும் டேஷ்போர்டு ஓரத்திலும் எர்த் வயர் போல்ட் இருக்கும். கழற்றி, பெயின்ட் அடித்து, மேலேயே முறுக்கியிருந்தால் தொடர்பு சரியாக இருக்காது. எஞ்சின் ஓடும்போது மீட்டரின் ஒரு முனையை எஞ்சின் பிளாக்கிலும் மறு முனையை பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தில்தான் கோளாறு.

சிப்புட் சத்ரியா:
நன்றி அண்ணே. பார்த்தேன், 0.05தான். இரண்டு போல்ட்டில் பெயின்ட் இருந்தது, சுரண்டிவிட்டேன். மாற்றம் இல்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். எஞ்சினை நிமிடத்துக்கு 3,500 சுற்றுக்கு மேல் ஏற்றினால் சில நேரம் திடீரென்று 14-க்குத் தாவுகிறது, எஞ்சினை நிறுத்தும்வரை அப்படியே நிற்கிறது. மறுபடி ஸ்டார்ட் செய்தால் பழையபடி 12.

ஈப்போ வயரிங்:
தம்பி, நீங்கள் கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். ஒரு கேள்வி. மீட்டர் போர்டு இருக்கிறதா, அதையும் கழற்றிவிட்டீர்களா?

சிப்புட் சத்ரியா:
கழற்றிவிட்டேன் அண்ணே. சுற்று, எண்ணெய் அழுத்தம், வெப்பம் மூன்றுக்கும் தனி மீட்டர் வைத்திருக்கிறேன். பழையது பெட்டியில் இருக்கிறது.

ஈப்போ வயரிங்:
அப்படியென்றால் ஆல்டர்னேட்டர் மேல் தப்பில்லை. பழையதும் நல்லதாகத்தான் இருக்கும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

மீட்டர் போர்டில் பேட்டரிப் படம் போட்ட சிவப்பு விளக்கு ஒன்று உண்டு. அது சார்ஜ் இல்லை என்று எச்சரிக்க மட்டும் இருப்பதில்லை. ஆல்டர்னேட்டர் மின்சாரம் எடுக்க வேண்டுமானால் உள்ளே சுழலும் ரோட்டர் காந்தமாக வேண்டும். அதற்கு ஆரம்பத்தில் கொஞ்சம் மின்சாரம் வெளியிலிருந்து வர வேண்டும். சாவியைத் திருப்பியதும் அது அந்த விளக்கின் வழியாகத்தான் ஆல்டர்னேட்டரின் ‘எல்’ முனைக்குப் போகிறது. சார்ஜ் ஏற ஆரம்பித்ததும் விளக்கின் இரண்டு பக்கமும் ஒரே வோல்ட் ஆகிவிடும், விளக்கு அணைந்துவிடும். விளக்கோடு அந்தப் பாதையும் போய்விட்டதால் உங்கள் ரோட்டருக்குத் தொடக்கம் கிடைக்கவில்லை. வேகமாகச் சுற்றும்போது இரும்பில் மிச்சமிருக்கும் காந்தத்தை வைத்து அது தானே விழித்துக்கொள்கிறது. அதுதான் அந்த 3,500.

‘எல்’ வயரைத் தேடி எடுங்கள். சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் வயரிலிருந்து சின்ன ஃபியூஸ், அப்புறம் 12 வோல்ட் 3 வாட் பல்பு, அதிலிருந்து ‘எல்’. பல்பு இல்லாமல் 12 வோல்ட்டை நேராகக் கொடுத்துவிடாதீர்கள், ரெகுலேட்டர் எரிந்துவிடும்.

சிப்புட் சத்ரியா:
அண்ணே, செய்தேன். கையில் இருந்த சிவப்பு எல்ஈடியை வைத்தேன். சாவி போட்டால் எரிகிறது, ஆனால் சார்ஜ் வரவில்லை.

ஈப்போ வயரிங்:
எல்ஈடி உதவாது தம்பி. அதில் ஓடும் மின்சாரம் ரொம்பக் குறைவு, ரோட்டரை எழுப்பப் போதாது. உள்ளே கம்பி இருக்கும் பழைய மாதிரி பல்புதான் வேண்டும். அதோடு பல்பின் இரண்டு முனைக்கும் பக்கவாட்டில் (பேரலலாக) 68 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றையும் போட்டுவிடுங்கள். நடுப் பாதையில் பல்பு எரிந்துபோனாலும் சார்ஜ் நிற்காது.

சிப்புட் சத்ரியா:
ஐடிலிலேயே 14.2 வோல்ட்! சாவி போட்டதும் எரிந்தது, ஸ்டார்ட் ஆனதும் அணைந்தது. நாற்பது நிமிடம் ஓடவிட்டேன், ஒரு இருமல்கூட இல்லை. இரண்டு வெள்ளி சாமானுக்கு 120 வெள்ளி ஆல்டர்னேட்டர் வாங்கினேனே என்றிருக்கிறது. அண்ணே, மனமார்ந்த நன்றி.

இனி ரோல் கேஜ், அதாவது வண்டி உருண்டால் ஆளைக் காக்கும் குழாய்க் கூண்டு, ஒன்றுதான் பாக்கி. மாமா வீட்டில் நல்ல கனமான தண்ணீர்க் குழாய் இருக்கிறது, வளைத்து வெல்டிங் செய்து தருகிறேன் என்கிறார்.

பழைய ராலி ஆள்:
தம்பி, இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இதற்குப் பேசாமல் இருக்க முடியவில்லை. தண்ணீர்க் குழாய் வேண்டாம். அது தகட்டைச் சுருட்டி ஒரு ஓரத்தில் ஒட்டியது. வண்டி உருண்டால் அந்த ஒட்டுப் பிளக்கும், பிளந்த முனை உங்கள் தலைக்குப் பக்கத்தில் இருக்கும். அதற்குக் கேஜ் இல்லாமலே ஓட்டலாம். உலகக் கார்ப் பந்தய அமைப்பான எஃப்ஐஏ விதியில், சீட்டுக்குப் பின்னால் நிற்கும் முதன்மை வளையத்துக்கு 45 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 கனமும், அல்லது 50-க்கு 2. கேஜின் மற்றக் குழாய்களுக்கு 38-க்கு 2.5, அல்லது 40-க்கு 2. எல்லாம் ஒட்டுத் தையல் இல்லாத எஃகுக் குழாய். முதன்மை வளையத்தின் காலுக்கு அடியில் 3 மில்லிமீட்டர் தகடு, 120 சதுர சென்டிமீட்டருக்குக் குறையாமல், பாடியோடு வெல்டிங் செய்ய வேண்டும். நீங்கள் தாரைச் சுரண்டிய தரை இருக்கிறதே, அங்கேதான் அது உட்காரும். துரு இருந்தால் முதலில் அதை வெட்டி எடுங்கள்.

டேஷ்போர்டு பிளாஸ்டிக் போகட்டும். பின்னால் இருக்கும் குறுக்கு இரும்பு இன்னும் இருக்கிறதா? ஸ்டியரிங் அதில்தான் தொங்குகிறது, எடுக்காதீர்கள். கதவுக்குள் இருக்கும் இரும்புப் பட்டையும் அப்படித்தான்.

அவசரத்தில் எஞ்சினையும் மின்சாரத்தையும் நிறுத்தும் கில் ஸ்விட்ச் வாங்கும்போதும் கவனம். இப்போது ஆல்டர்னேட்டர் ஒழுங்காக வேலை செய்வதால், பேட்டரியை மட்டும் துண்டித்தால் எஞ்சின் நிற்காது, ஆல்டர்னேட்டர் மின்சாரத்திலேயே ஓடும். இக்னிஷனையும் சேர்த்துத் துண்டிக்கும் ஸ்விட்ச் வேண்டும்.

அப்புறம், ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதி இல்லாமல் இப்படி மாற்றிய வண்டியைப் பொதுச் சாலையில் இறக்கக் கூடாது. போட்டிக்கு லோரியில் ஏற்றிப் போங்கள், கெரானை (வண்டியின் உரிமைப் பத்திரம்) பத்திரமாக வையுங்கள். 2002-இல் கரம்ஜித் சிங் ப்ரோட்டான் பெர்ட்டில் உலகப் ப்ரொடக்‌ஷன் ராலி பட்டம் வாங்கினபோது நாங்கள் தோட்டத்துப் பையன்கள் எல்லாம் துள்ளிக் குதித்தோம். உங்களை மாதிரி ஒருவர் செம்மண்ணில் இறங்குவது எனக்கு அவ்வளவு சந்தோஷம். முழுசாக வீடு திரும்ப வேண்டும், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

சிப்புட் சத்ரியா:
அண்ணே, நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவரே போய் மாமாவிடம் குழாய் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். குறுக்கு இரும்பு அப்படியே இருக்கிறது. கதவுப் பட்டையில் ஒன்றை வெட்ட ஆரம்பித்திருந்தேன், இரண்டு அங்குலம் போயிருக்கிறது. அந்தக் கதவை மாற்றிவிடுகிறேன். 45-க்கு 2.5 குழாய்க்கு ஈப்போவில் விலை கேட்டிருக்கிறேன். அடுத்த மாதப் போட்டிக்கு வண்டி போகாது. கேஜ் முடிந்ததும் படம் போடுகிறேன்.