மறு: டில்லரிங்: வில்லை "இணக்குதல்" என்று சொல்லலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

முந்தாநாள் கேட்ட ஒரு சொல்லுக்கு இத்தனை மடல் வந்ததில் மிகுந்த மகிழ்ச்சி. எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கேள்வியைத் திரும்பச் சொல்கிறேன். ஒரு பலகையை வில்லாக்கும்போது கொஞ்சம் சுரண்டுவோம், வளைத்துப் பார்ப்போம், எங்கே விறைப்பாக இருக்கிறதோ அங்கே மறுபடி சுரண்டுவோம். பிடிக்கு மேலும் கீழும் உள்ள இரண்டு கைகளும் ஒன்றுக்கொன்று ஒத்து வளையும்வரை இது நடக்கும். இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் டில்லரிங் என்று பெயர். தமிழில் என்ன சொல்வது?

இது அகராதிக்காக மட்டும் கேட்ட கேள்வி இல்லை. டொராண்டோவில் என் கராஜில் சனிக்கிழமைதோறும் ஆறு பேர் மரவில் செய்யப் பழகுகிறோம். மூத்தவருக்கு 68 வயது, இளையவளுக்கு 14. அவர்களுக்காகப் பத்துப் பக்கத்தில் ஒரு தொடக்கக் கையேடு எழுத உட்கார்ந்தேன். பலகை தேர்வு, அளவு குறித்தல், வெட்டுதல் எல்லாம் தடையில்லாமல் வந்தன. இந்த இடத்தில் எழுத்து நின்றுவிட்டது. வில் செய்வதில் பாதி நேரத்துக்கு மேல் போவது இந்த ஒரு வேலைக்குத்தான். அதற்குப் பெயர் இல்லாமல் எப்படிச் சொல்லித் தருவது?

இனி, வந்த பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

> டில்லரிங் என்றே எழுதலாமே. பஸ், பேனாவை ஏற்றுக்கொண்ட மொழிதானே.

கடன்சொல்லோடு எனக்குப் பகை இல்லை. ஆனால் டில்லர் என்றதும் தமிழ்நாட்டில் யாருக்கும் நினைவுக்கு வருவது வயலில் ஓடும் பவர் டில்லர். படகோட்டியிடம் கேட்டால் சுக்கானைத் திருப்பும் பிடி என்பார். ஆங்கிலத்திலும் இது ஒரு பழைய இரவல். நெசவுத் தறியின் கட்டையைக் குறித்த பிரெஞ்சுச் சொல் குறுக்குவில்லின் கட்டைக்குப் போய், அங்கிருந்து வில்லை மாட்டிச் சோதிக்கும் கோலுக்கு வந்து, பிறகு அந்த வேலைக்கே பெயராகிவிட்டது. அவர்கள் தறியிலிருந்து எடுத்தார்கள் என்றால், நாமும் நமக்குப் பழகிய ஓர் இடத்திலிருந்து எடுக்கலாம்.

> சமவளைவாக்கம். பொருள் முழுவதும் வந்துவிடுகிறது.

ஐயா, உங்கள் சொல்லை இரண்டு நாள் எண்ணிப் பார்த்தேன். அது நீளம் என்பது என் முதல் தயக்கம், ஆனால் அது சின்னத் தயக்கம். பெரிய தயக்கம் "சம" என்பதில் இருக்கிறது. வில்லின் இரண்டு கைகளும் பெரும்பாலும் சமமாக இருப்பதில்லை, இருக்கவும் வேண்டியதில்லை. அம்பு பிடிக்குச் சற்று மேலே அமர்கிறது. அதனால் கீழ்க்கையைக் கொஞ்சம் விறைப்பாக விடுவது செய்பவர்களின் வழக்கம். நாணேற்றியதும் நாணுக்கும் கைக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளந்தால் மூன்று முதல் ஆறு மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கும். அதை வேண்டுமென்றேதான் வைக்கிறோம். ஜப்பானிய யூமி வில்லில் பிடியே நடுவில் இல்லை. கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இருக்கிறது, மேற்கை நீளம், கீழ்க்கை குட்டை. ஒரே கைக்குள்ளும் வளைவு எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. அகலம் நுனி நோக்கிக் குறையும்போது வளைவும் மாறும். ஆக, இரண்டு கைகளும் தத்தம் அளவில் வளைந்து ஒன்றின் இழுப்புக்கு மற்றது ஒத்துப்போவதுதான் இந்த வேலையின் குறிக்கோள். சமம் வேறு, ஒத்துப்போதல் வேறு. "சமம்" என்று கையேட்டில் எழுதினால் தொடக்கக்காரர் அளவுகோலை வைத்துக்கொண்டு நல்ல வில்லைச் சுரண்டிச் சுரண்டிக் கெடுத்துவிடுவார்.

> குறளிலேயே "வில்வணக்கம்" இருக்கிறதே!

இதைப் படித்தபோது எழுந்து நின்றுவிட்டேன். "வில்வணக்கம் தீங்கு குறித்தமையான்", 827-ஆம் குறள். பகைவன் சொல்லில் காட்டும் பணிவை நம்பாதே, வில் வளைவதும் தீங்கு செய்யத்தானே என்கிறார். வணங்குதல் என்றால் வளைதல் என்ற மூலப்பொருள் அந்த ஓரடியில் பளிச்சென்று தெரிகிறது. ஆனாலும் அங்கே வளைக்கிறவன் வில்லாளி, எய்வதற்காக வளைக்கிறான். நமக்கு வேண்டியது வில் செய்கிறவரின் வேலைக்கான சொல். அதோடு இன்று "வணக்கம் பார்த்தாயா?" என்று கேட்டால் பிள்ளைகள் கைகூப்புவார்கள். இந்தச் சொல்லை விட்டுவிட எனக்கு மனமில்லை. முழுதாக இழுத்த வில்லின் உருவளைவுக்கு "வில்வணக்கம்" என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். வட்ட வணக்கம், பிடி விறைத்த வணக்கம் என்று வகை பிரிக்கவும் அது கைகொடுக்கும்.

> சுருதி சேர்த்தல் மாதிரி இருக்கிறதே இது.

அக்கா, மிகச் சரியாகப் பிடித்தீர்கள். மிருதங்கக்காரர் ஓரிடத்திலேயே தட்டிக்கொண்டிருப்பதில்லை. சுற்றி வந்து, ஒவ்வொரு இடமாகத் தட்டிக் கேட்டு, ஏறியிருந்தால் இறக்கி, இறங்கியிருந்தால் ஏற்றுகிறார். நாம் செய்வதும் அதுதான், ஒரே ஒரு வேறுபாடு: மரத்தைச் சுரண்டினால் இறக்கத்தான் முடியும், ஏற்ற முடியாது. விறைப்பு தடிமனின் முப்படிக்கு (தடிமன் × தடிமன் × தடிமன்) ஏற்ப மாறுகிறது. தடிமனில் பத்தில் ஒரு பங்கு போனால் விறைப்பில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடும். அகலத்தில் பத்தில் ஒரு பங்கு போனால் விறைப்பிலும் பத்தில் ஒரு பங்குதான் போகும். என் முதல் வில் உடைந்தது இந்தக் கணக்கு தெரியாததால்தான். "இன்னும் கொஞ்சம்" என்று வில்லின் வயிற்றில், அதாவது எய்பவரைப் பார்க்கும் பக்கத்தில், ஓரிடத்தில் நான்கு முறை இழைப்புளியை ஓட்டினேன். மறுநாள் இழுத்தபோது அந்த இடமே இரண்டாகப் போனது. கையேட்டில் சுருதி உவமையைக் கட்டாயம் சேர்க்கிறேன். சொல்லாக வைக்கத் தயங்குகிறேன், இசைக்காரர்களின் சொல் இசையிலேயே இருக்கட்டும்.

சரி, என் பரிந்துரை: இணக்குதல்.

வில்லை இணக்குகிறேன். இந்த வில் இன்னும் இணங்கவில்லை. மேற்கை இணங்கிவிட்டது, கீழ்க்கை முரண்டு பிடிக்கிறது. இந்த வாக்கியங்களைக் கையில் அரத்தோடு வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், தடுக்கவில்லை. இரண்டு தரப்பைப் பேசி ஒத்துப்போக வைப்பதற்கு நாம் ஏற்கெனவே சொல்லும் சொல் இது. இலங்கையில் இணக்க சபை என்றே இருந்தது. இங்கே இரண்டு தரப்பும் மரம்.

ஒரு கலைச்சொல் குட்டி போட வேண்டும். இது போடுகிறது. வில்லை மாட்டி, நாணைக் கீழே இழுத்து, தள்ளி நின்று வளைவைப் பார்க்கிற மரச்சட்டம் இணக்குமரம். நாணேற்றுவதற்கு முன் தொங்கலாகக் கட்டும் நீண்ட கயிறு இணக்குநாண். தடியின் ஒரு நுனியைத் தரையில் ஊன்றி, நடுவில் கைவைத்து அழுத்திப் பார்க்கும் முதல் கட்டம் தரை இணக்கம். மூன்றும் விளக்கம் இல்லாமலே புரிந்தன என்று சனிக்கிழமைக் கூட்டத்தில் சொன்னார்கள்.

ஒரு மறுப்பை நானே சொல்லிவிடுகிறேன். கணினித் துறையில் இணக்கம் என்றால் ஒரு மென்பொருள் இன்னொன்றோடு சேர்ந்து இயங்குவது. குழப்பம் வருமா? வராது என்று நினைக்கிறேன். நாம் எடுப்பது "இணக்கு" என்ற செய்வினையை, "வில்லை" என்ற செயப்படுபொருளோடு. அரமும் மரத்தூளும் பக்கத்தில் கிடக்கும்போது யாரும் கணினியை நினைக்க மாட்டார்கள்.

மற்ற சொற்களில் பெரிதாகச் சண்டை இல்லை என்பதால் வேகமாகக் கடக்கிறேன். நாண் மாட்டும் வெட்டு, குதை. பழைய சொல், அகராதியிலேயே இந்தப் பொருளில் இருக்கிறது, புதிதாக எதுவும் செய்ய வேண்டாம். எய்பவரைப் பார்க்கும் பக்கம் வயிறு, இலக்கைப் பார்க்கும் பக்கம் முதுகு. நாற்காலிக்குக் கை இருப்பதுபோல் வில்லுக்கும் கை, மேற்கை, கீழ்க்கை. அளவுக்கு மேல் வளையும் இடத்துக்கு "கீல்" என்று ஒருவர் எழுதியிருந்தார். கதவுக் கீல் நல்ல படம்தான், ஆனால் எங்கள் மூத்தவர், ஊரில் தச்சு வேலை பார்த்தவர், அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்து "இங்க துவளுது" என்றார். துவளுமிடம், விறைக்குமிடம் என்ற இரண்டும் போதும். நாணை இறக்கிய பிறகும் வில் நிமிராமல் வளைந்தே நின்றால் "கூன் விழுந்துவிட்டது" என்கிறோம். அதைவிட நல்ல சொல் கிடைக்கும் என்று தோன்றவில்லை.

இன்னொன்றையும் இங்கே எழுத ஆசை. சொல் முடிவாகட்டும், பிறகு செய்யலாம் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். டென்மார்க்கில் ஹோல்மகார்ட் சதுப்பில் 1944-இல் கிடைத்த எல்ம் மரவில் சுமார் 9,000 ஆண்டுப் பழமையானது. இரும்பு இல்லாத காலத்தில், கல்லாயுதத்தால் செதுக்கி, கண்ணால் பார்த்து இணக்கியிருக்கிறார்கள். நம்மிடம் அரமும் உப்புத்தாளும் இருக்கின்றன.

தொடங்க ஆறடி நீளம், இரண்டு அங்குல அகலம், முக்கால் அங்குலத் தடிமனில் ஒரு பலகை போதும். மரத்தின் ரேகை, அதாவது நார் ஓடும் கோடு, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விலகாமல் நேராக ஓட வேண்டும். விலை, அழகு எல்லாவற்றுக்கும் முன்னால் அதைத்தான் பார்க்க வேண்டும். கடைக்காரர் பொறுத்துக்கொண்டால் முப்பது பலகையைப் புரட்டி ஒன்றை எடுங்கள். நாங்கள் எடுப்பது ஆஷ். இங்கே ஆஷ் மரங்களை ஒரு பச்சை வண்டு அழித்துக்கொண்டிருக்கிறது, 2002-இல் டெட்ராய்ட், விண்ட்சர் பக்கம்தான் இந்தக் கண்டத்தில் முதலில் அதைக் கண்டார்கள். அந்த மரத்தின் ஒரு பலகையாவது ஒரு பிள்ளையின் கையில் வில்லாக நிற்கட்டும் என்று எனக்கு இருக்கிறது. தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் இருப்பவர்கள் முற்றி நன்கு காய்ந்த மூங்கிலில் தொடங்கலாம். மூங்கிலின் வெளித்தோல்தான் முதுகு, அதில் கத்தியே படக்கூடாது. சுரண்டுவதெல்லாம் உட்பக்கம்.

முதல் வில்லுக்கு முப்பது, முப்பத்தைந்து பவுண்டு இழுவிசையே இலக்காக இருக்கட்டும். இணக்கும்போது எந்தக் கட்டத்திலும் அந்த விசைக்கு மேல் இழுக்காதீர்கள். ஒவ்வொரு முறை சுரண்டிய பிறகும் இருபது முப்பது தடவை மெல்ல இழுத்து விட்டால்தான் மரம் தன் புது வளைவைக் காட்டும். துவளுமிடம் தெரிந்ததும் அதைத் தொடாதீர்கள், இரு பக்கமும் உள்ள விறைப்பைக் குறையுங்கள். கடைசிச் சுரண்டலுக்கு உடைந்த கண்ணாடிச் சில்லு நல்லது, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வில் முடிந்ததும் ஆசையில் அம்பில்லாமல் நாணை இழுத்து விடாதீர்கள். அம்புக்குப் போக வேண்டிய விசை முழுவதும் மரத்துக்கே திரும்பி வரும். உயிருள்ள எதையும் குறிவைக்க வேண்டாம்.

அப்புறம், படம் அனுப்புங்கள். நாண் இறக்கியது ஒன்று, நாணேற்றியது ஒன்று, முழுதாக இழுத்தது ஒன்று, மூன்றும் பக்கவாட்டில் எடுத்தவை. உடைந்திருந்தால் உடைந்த இடத்தை அருகில் எடுத்து அனுப்புங்கள், உடைந்த வில்லின் படம் எங்களுக்கு இரு மடங்கு பயன். முதுகில் சிம்பு எழுந்து உடைந்ததா, ரேகையோடு சாய்வாகப் பிளந்ததா என்று பார்த்தால் காரணம் பெரும்பாலும் தெரிந்துவிடும். எங்கள் பதினான்கு வயதுக்காரி தன் இரண்டாவது வில்லை இணக்கிக்கொண்டிருக்கிறாள். முதலாவதின் இரண்டு துண்டுகளும் கராஜ் சுவரில் தொங்குகின்றன. புதிதாக வருகிறவர்களுக்கு அவளே அவற்றை எடுத்துக் காட்டி, எங்கே ரேகை விலகியது என்று சொல்லித் தருகிறாள்.

ஒரு சொல்லுக்கு மட்டும் இன்னும் உதவி வேண்டும். அளவுக்கு மேல் அழுத்தம் தாங்கிய வில்லின் வயிற்றில், மயிரிழைபோல் குறுக்காகச் சில வரிகள் தோன்றும். மரத்தின் நார்கள் உள்ளுக்குள் நசுங்கியதன் அடையாளம் அது. "நெரிவு வரி" என்று எழுதி வைத்திருக்கிறேன், மனம் நிறையவில்லை. பாரம் தாங்கிய ஏர்க்காலிலோ காவடித் தண்டிலோ இப்படி வரி விழுந்தால் உங்கள் ஊர்த் தச்சர்கள் என்ன சொல்வார்கள்? கேட்டு எழுதுங்கள்.