கையுறை கம்பெனி லேப் வேலையை விட்டு பிஎச்டி: எப்போ பேப்பர் போடணும்?

குழித்துறை_கெமி:
மார்த்தாண்டம் பக்கம் ஒரு கையுறை கம்பெனியில குவாலிட்டி லேப். 4 வருஷம் 3 மாசம் ஆச்சு. பேசிக் 18,000, கைக்கு 24,000. வயசு 28. சிஎஸ்ஐஆர் நெட் தேர்வுல ஜேஆர்எஃப் (பிஎச்டி பண்ண மாசாமாசம் பணம் தர்ற ஃபெலோஷிப்) கிடைச்சிருக்கு. திருவனந்தபுரம் பாப்பனங்கோட்டுல இருக்கிற சிஎஸ்ஐஆர் ஆராய்ச்சிக்கூடம் என்ஐஐஎஸ்டிதான் குறி. இப்பவே வேலையை விட்டுட்டு இன்டர்வியூவுக்குத் தயாராகலாமா, இல்ல பார்ட் டைமா சேரலாமா? அம்மாவுக்கு சுகர் இருக்கு, நகைக்கடன் 1.5 லட்சம் நிக்குது.

பறக்கை_பாலம்:
பார்ட் டைம் பேச்சை விட்டுடுங்க. கம்பெனி ஆட்சேபணை இல்லைன்னு என்ஓசி கொடுத்தாலும், சம்பளமும் ஃபெலோஷிப்பும் சேந்து வாங்க விடமாட்டாங்க. அட்மிஷன் லெட்டர் கையில வராம பேப்பர் போடவும் வேண்டாம்.

இன்னும் 9 மாசம் இருந்தா 5 வருஷம் முடிஞ்சு கிராஜுவிட்டி (பணிக்கொடை) வரும். பேசிக்கோட டிஏ இருந்தா அதையும் சேத்து 15 ஆல் பெருக்கி, 26 ஆல் வகுத்து, வருஷத்தால பெருக்கணும். உங்க பேசிக்குக்கு 51,923 ரூபா. பிஎஃப்பும் அப்படித்தான்: 5 வருஷத்துக்கு முன்னாடி எடுத்தா வரி உண்டு, தொகை 50,000 தொட்டா டிடிஎஸ்னு முன்கூட்டியே 10 சதவீதம் வரி பிடிப்பாங்க. அதனால பொறுத்துப் போறது நல்லது.

தோவாளை_பிச்சி:
கிராஜுவிட்டிக்காக ஒரு செஷனை விடச் சொல்லுறது சரியில்ல அண்ணே. ஜேஆர்எஃப் மாசம் 37,000. இப்போ கைக்கு வருறதை விட 13,000 கூடுதல். அங்க சேர்க்கை ஜனவரி, ஆகஸ்ட்னு ரெண்டு தடவை. ஒரு செஷன் தள்ளினா 6 மாசத்துல 78,000 போச்சு, 51,923-க்காக. அவார்டு லெட்டர்ல போட்டிருக்கிற கடைசித் தேதி வேற ஓடிட்டிருக்கும். பிஎஃப்பை எடுக்காம போட்டுவைக்கலாம், அதுல அவசரமே இல்ல.

கவனிக்க வேண்டியது முதல் ஃபெலோஷிப். ஜாயினிங் ரிப்போர்ட் டெல்லியில இருக்கிற சிஎஸ்ஐஆரோட ஃபெலோஷிப் பிரிவு எச்ஆர்டிஜி வரை போய்த் திரும்பணும், மாசக்கணக்குல இழுக்கும். அதனால 4 மாசச் செலவு, நகைக்கடன் வட்டியோட சேத்து, முதல்ல எடுத்து வையுங்க. நகையைத் திருப்ப அந்தப் பணத்துல கை வைக்காதீங்க.

குழித்துறை_கெமி:
நோட்டீஸ் 60 நாள். ஆஃபர் வந்து 30 நாள்ல சேரச் சொன்னா?

தோவாளை_பிச்சி:
அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் பாருங்க. பாக்கி நாளுக்குப் பணம் கட்டி வெளிய வர வழி இருக்கும், ஆனா பேசிக்குலயா, முழுச் சம்பளத்துலயான்னு வித்தியாசம் உண்டு. ஒரிஜினல் சர்டிபிகேட் எதாவது கம்பெனி கையில இருந்தா பேப்பர் போடும் முன்னாடியே வாங்கிடுங்க. ரிலீவிங் ஆர்டர் இல்லாம சேரப் போனா வாசல்லயே சிக்கல்.

இன்னொண்ணு, ஓபிசி ஒதுக்கீட்டுல போறதா இருந்தா நம்ம ஊரு பிசி சர்டிபிகேட் செல்லாது. மத்திய அரசு படிவத்துல கிரீமிலேயர் (வசதி படைத்த பிரிவு) இல்லைங்கிற சான்று, நடப்பு நிதியாண்டுல வாங்கினது வேணும். இசேவையில போட்டு விஏஓ, ஆர்ஐ, தாசில்தார்னு ஏறி வரும். உங்க சம்பளம் அதுல கணக்கில்ல, பெற்றோரைத்தான் பாப்பாங்க. தாசில்தார் ஆபீஸ்ல தெரியாதவங்க உங்க சம்பளச் சீட்டைக் கேப்பாங்க, பொறுமையா விளக்குங்க. எம்எஸ்சி மனோன்மணியம் சுந்தரனார்னா மைக்ரேஷன் சர்டிபிகேட்டுக்கும் இப்பவே அபிஷேகப்பட்டி யுனிவர்சிட்டி ஆபீஸுக்கு எழுதிப் போடுங்க.

நேமம்_பாசஞ்சர்:
அம்மா விஷயத்துக்கு வாறேன். கம்பெனி குரூப் இன்சூரன்ஸ் கடைசி வேலை நாளோட முடியும். அதே இன்சூரன்ஸ் கம்பெனியோட தனிப் பாலிசிக்கு மாத்த முடியுமான்னு வேலையில இருக்கும்போதே கேளுங்க, அப்போ காத்திருந்த காலம் கணக்குல வரும். விட்டுட்டுப் புதுசா எடுத்தா ஏற்கனவே இருக்கிற சுகருக்கு 3 வருஷம் வரை காக்க வைக்கலாம்.

பிறகு, குழித்துறையில ஏறி நேமத்துல இறங்கி சீசன் டிக்கெட்டுல ஓட்டிடலாம்னு கணக்கு போடாதீங்க. கோர்ஸ்வொர்க் வரைக்கும் சரி. ரியாக்‌ஷன் வைக்க ஆரம்பிச்சா ராத்திரி 11 மணிக்கு வொர்க்-அப் (முடிஞ்ச கலவையிலிருந்து பொருளைப் பிரிச்செடுக்கிற வேலை) பண்ண வேண்டி வரும், அந்நேரம் ரயில் நமக்காக நிக்காது. ஹாஸ்டல் கேளுங்க, ஆனா ஹாஸ்டல்ல இருந்தா எச்ஆர்ஏ (வீட்டு வாடகைப் படி) கிடையாது, அதைச் செலவுக் கணக்குல மறந்துடாதீங்க.